கேமராவுக்குக் காசு சரி, பதிவு யார் கையில?

மதுரை கோரிப்பாளையம் சிக்னல்ல டிராபிக் போலீஸ்காரங்க சட்டையில கருப்பா சின்னதா ஒரு கேமரா மாட்டியிருப்பாங்க, பார்த்திருப்பீங்க. அதுக்கு நம்ம வரிப்பணம் போறதுல எனக்கு வருத்தமே இல்ல, இன்னும் ஒதுக்கட்டும், ஹெல்மெட் கேஸ் போடுறவங்களுக்கு மட்டும் இல்லாம விசாரணைன்னு ஆளைத் தூக்கப் போறவங்களுக்கும் கட்டாயம் மாட்டிவிடட்டும்.

ஆனா கேமரா வாங்குறது ஒரு தடவை செலவுங்க, பதிவை அழியாம வச்சுக்கிறதுதான் வருஷா வருஷம் செலவு. அமெரிக்காவுல 2014 டிசம்பர்ல ஒபாமா 50,000 கேமராவுக்கு 3 வருஷத்துக்கு 7.5 கோடி டாலர் கேட்டார், உள்ளூர் அரசாங்கமும் பாதி போடணும்னு திட்டம், அப்புறம் சில சின்ன ஊர் போலீஸ் சேமிப்புச் செலவு தாங்காம கேமராவையே கழட்டி வச்சிட்டாங்க.

நம்ம பக்கம் இன்னும் கொடுமை. 2020 ஜூன்ல சாத்தான்குளத்துல போலீஸ் அடிச்சதுல அப்பாவும் மகனும் செத்தாங்களே, மதுரை ஹைகோர்ட் கிளை சொல்லி மாஜிஸ்திரேட் ஸ்டேஷனுக்கே போய்ப் பார்த்தா, சிசிடிவி ஹார்ட் டிஸ்க்ல 1 டிபி இடம் இருந்தும் அன்னன்னைக்குப் பதிவு அன்னன்னைக்கே தானா அழியிற மாதிரி செட்டிங் வச்சிருந்துச்சு. கேமரா இருந்துச்சு, கரண்ட் இருந்துச்சு, இடமும் இருந்துச்சு, பதிவு மட்டும் இல்ல. அதை நினைச்சா இப்பவும் எனக்கு வயிறு எரியுது.

2025 ஜூன்ல, திருப்புவனம் பக்கம் மடப்புரம் கோயில் காவலாளியை போலீஸ் அடிச்சது எப்படி வெளிய வந்துச்சு? ஒருத்தர் பாத்ரூம்ல மறைஞ்சு நின்னு ஜன்னல் வழியா போன்ல எடுத்தார். அந்த மனுசனுக்கு எவ்வளவு பயம் இருந்திருக்கும்! அரசாங்கம் செய்ய வேண்டிய வேலையை உயிரைப் பணயம் வச்சு அவர் செஞ்சார்.

ஸ்டேஷன் சிசிடிவி பதிவை 18 மாசம், முடியாட்டி குறைஞ்சது 1 வருஷமாவது வைக்கணும்னு சுப்ரீம் கோர்ட் 2020 டிசம்பர்லயே சொல்லிருச்சு. சட்டையில மாட்டுற கேமராவுக்கும் அதே கணக்கு வேணும். சர்வர் அந்த ஸ்டேஷன் கையில இருக்கக்கூடாது, நடுவுல ஆஃப் பண்ணா எதுக்குன்னு அன்னைக்கே எழுதிக் கொடுக்கணும், பாதிக்கப்பட்ட குடும்பம் கேட்டா காப்பி கொடுக்கணும். பட்ஜெட்ல கேமராவுக்குன்னு ஒரு தொகை எழுதும்போதே இதுக்கும் சேர்த்து எழுதுங்க சார்.