ஆடி மாதத்துப் பூனை

ஜூலை 14, 2025, திங்கள்

வியாழக்கிழமை ஆடி பிறக்கிறது. கல்யாண ரவிக்கைகளை எல்லாம் கொடுத்து முடித்தாயிற்று. தீபாவளித் துணி வரத் தொடங்க இன்னும் நாளிருக்கிறது. பினாங்கில், லெபோ பாசார் பக்கத்தில் தையல் கடை வைத்திருப்பவன் காலை நீட்டி உட்கார்ந்து பேப்பர் படிக்க முடிகிற காலம் வருஷத்தில் இது ஒன்றுதான். மத்தியானம் டீச்சர் வந்தார். ரவிக்கைக்குத்தான் என்று நான் டேப்பை எடுக்க, "அண்ணே, எனக்கு ஒரு பூனை தச்சுத் தரணும்" என்றார்.

டீச்சர் அக்கரையில், பட்டர்வொர்த் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில் இருக்கிறார். ஆகஸ்டு 8 உலகப் பூனை தினமாம். 2002-லிருந்து கொண்டாடுகிறார்களாம். அன்றைக்கே பள்ளியில் வாசிப்பு விழா. கதைப் புத்தகத்துப் பூனை ஒன்று நேரில் நடந்து வந்தால் பாலர் பள்ளிப் பிள்ளைகளும் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளும் புத்தகத்தைத் தொடுவார்கள் என்பது அவர் கணக்கு. சிவப்பும் வெள்ளையுமாக உயரத் தொப்பி போட்ட டாக்டர் சூஸின் பூனையைத்தான் முதலில் நினைத்திருக்கிறார். 1957-இல் வந்த புத்தகம். எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளைகளுக்காக 236 சொற்களையே மாற்றி மாற்றிப் போட்டு முழுக் கதையையும் சொல்லிவிட்டார் என்று டீச்சர் சொன்னபோது எனக்கு மலைப்பாக இருந்தது. ஆனால் தமிழ் வாசிப்பு விழாவுக்கு வந்து அந்தப் பூனை என்ன பேசும் என்று தலைமையாசிரியர் கேட்டிருக்கிறார். அதனால் தெனாலிராமன் பூனை.

பாலைக் கண்டால் ஓடுகிற பூனை. தமிழில் அதைவிடப் பேர் பெற்ற பூனை வேறு இருக்கிறதா என்ன?

சரி என்றேன். யார் போடப் போகிறார்கள், யாருக்கு அளவெடுக்க என்று கேட்டதற்கு மட்டும் பதில் வரவில்லை. சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

ஜூலை 18, வெள்ளி

முதல் ஆடி வெள்ளி. மனைவியை குவீன் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயிலில் விட்டுவிட்டு பினாங்கு ரோட்டில் ஃபர் துணி தேடினேன். சாம்பல், கறுப்பு, ஆரஞ்சு மூன்றும் கிடைத்தன. ஆரஞ்சை எடுத்தேன். இந்த ஊரில் ஆரஞ்சுப் பூனைக்கு ஓயேன் என்று தனிச் செல்லப் பெயரே உண்டு. விஜயநகரத்துப் பூனை என்ன நிறம் என்று எந்தப் புத்தகமும் சொல்லவில்லை, ஆகவே என் இஷ்டம்.

இங்கிருக்கிற வெயிலுக்குத் தலையிலிருந்து கால் வரை ஃபர் போட்டால் பூனை பாலைப் பார்ப்பதற்கு முன்னாலேயே மயங்கி விழும். உடம்புக்குப் பருத்தி, ஆரஞ்சுச் சாயம் போட்டது. நெஞ்சு, மணிக்கட்டு, கணுக்கால், காது, வால் இவற்றுக்கு மட்டும் ஃபர். தூரத்திலிருந்து பார்த்தால் முழுப் பூனைதான்.

ஃபரைக் கத்தரிக்கோலால் வெட்டக் கூடாது. வெட்டினால் விளிம்பில் முடியெல்லாம் மொட்டையாகிவிடும். புரட்டிப் போட்டு, பின்னால் இருக்கிற நெசவை மட்டும் பிளேடு நுனியால் கீறிப் பிரிக்க வேண்டும். முடி படிகிற திசை எல்லாத் துண்டிலும் கீழ்நோக்கி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு கை மட்டும் சிலிர்த்துக்கொண்டு நிற்கும். தைத்த பிறகு தையலுக்குள் சிக்கிய முடியை ஊசி நுனியால் ஒவ்வொன்றாக வெளியே இழுத்துவிட்டால் இணைப்பு இருக்கிற இடமே தெரியாது. எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது. "என்னங்க, ரசத்துல முடி மிதக்குது" என்பது மனைவியின் தரப்பு.

ஜூலை 22, செவ்வாய்

வால். கால்சட்டையின் பின்பக்கத்தில் வாலைத் தைக்கிறவன் பிள்ளைகளோடு பழகாதவன். முதல் ஆளாக வருகிற பையன் வாலைப் பிடித்துத்தான் இழுப்பான். கால்சட்டை கிழிந்தால் விழா அதோடு சரி. அதனால் உள்ளே அகலமான இடுப்புப் பட்டை, அதில் வால், கால்சட்டையில் ஓட்டை போட்டு வெளியே விட்டிருக்கிறேன். எவ்வளவு இழுத்தாலும் இடுப்புதான் வரும்.

நேராக, நீளமாகத்தான் தைக்க நினைத்தேன். மாலையில் வழக்கம்போல வந்து உட்கார்ந்த ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர், "தம்பி, நம்ம ஊர்ப் பூனைக்கு ஏது இவ்வளவு நீள வாலு?" என்றார். உண்மைதான். அஞ்சடியில், அதாவது கடை முன் நடைபாதையில், படுத்துக் கிடக்கிற பூனைகளில் பாதிக்கு வால் குட்டை, மீதிக்கு நுனியில் கோணல். மலாய்த் தீவுகளிலும் சயாமிலும் பர்மாவிலும் பூனைகளின் வால் பாதிதான் இருக்கும், முனையில் முடிச்சு மாதிரி ஒன்று இருக்கும் என்று டார்வின் 1868-இல் வந்த புத்தகத்தில் எழுதியிருப்பதாகச் சொன்னார். டார்வினே சொன்ன பிறகு நான் என்ன செய்வது, பாதியாக வெட்டி நுனியில் கம்பியை வளைத்துவிட்டேன். கம்பி முனையைத் திருப்பி மடக்கி அதன்மேல் பஞ்சு சுற்றினேன், யார் கண்ணிலும் குத்தாது.

ஜூலை 27, ஞாயிறு

டீச்சர் எங்கோ இரவல் வாங்கிய பூனைத் தலையோடு வந்தார். அண்டா அளவுக்குப் பெரிய தலை, அசையாத கண், பல் தெரிகிற சிரிப்பு. நான் மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனேன். பூக்கடைக்காரரின் பேத்தி, தினமும் என்னிடம் பட்டன் கேட்டு வாங்கிப் போகிறவள், அலறிக்கொண்டு தாத்தா காலைக் கட்டிக்கொண்டாள். கழற்றி என் முகத்தைக் காட்டிய பிறகும் அழுகை நிற்கவில்லை.

முகமூடி வேண்டாம் என்று டீச்சரிடம் சொல்லிவிட்டேன். காது வைத்த தொப்பி, முகத்தில் தண்ணீர்ச் சாயம், தூண்டில் நரம்பில் மீசை. சின்னப் பிள்ளைகள் கண்ணையும் வாயையும் பார்த்துத்தான் ஆளை எடைபோடுகிறார்கள், அது இரண்டும் அசையாமல் நின்றால் அது பூனையல்ல, பேய்.

"அப்போ முகம் நல்லா பேசணும்ணே. நீங்களே போட்டுக்குங்களேன்" என்றார் டீச்சர். இதைச் சொல்லத்தான் அன்றைக்குச் சிரித்திருக்கிறார்.

ஜூலை 30, புதன்

ஆர்மீனியன் ஸ்ட்ரீட் பக்கம் போய்ச் சுவரில் இருக்கிற பூனைகளைப் பார்த்து வந்தேன். 2013-இல் தெருவிலங்குகளுக்காக ஓவியர்கள் சேர்ந்து வரைந்த வரிசை அது. அழகுதான், எனக்கு உதவவில்லை. எல்லாம் சந்தோஷமான பூனைகள். எனக்குத் தேவை பயந்த பூனை.

கடைப் பக்கத்துச் சந்தில் கிடைத்தது. மீன் தலைக்காக வந்த பூனை, இரும்புக் கதவை யாரோ இழுத்த சத்தத்தில் உறைந்தது. நாம் நினைக்கிற மாதிரி எடுத்தவுடன் ஓடவில்லை. முதலில் காது இரண்டும் பக்கவாட்டில் மடங்கின. வயிறு தரையைத் தொடுகிற அளவுக்கு உடம்பு தாழ்ந்தது. கண்ணைக் கதவிலிருந்து எடுக்காமல், பின்னங்காலை ஒவ்வொன்றாகப் பின்னால் வைத்தது. சாக்கடை விளிம்பு வரை அப்படியே போய், அப்புறம்தான் திரும்பி ஒரே பாய்ச்சல்.

கடையை அடைத்துவிட்டு அதைச் செய்து பார்த்தேன். முட்டி வலிக்கிறது.

ஆகஸ்டு 2, சனி

காலை ஃபெரியில் ஒத்திகைக்குப் போனேன். பையிலிருந்து வால் வெளியே தொங்கியிருக்கிறது போல. எதிரே உட்கார்ந்திருந்த மலாய்க்காரப் பாட்டி "கூச்சிங்!" (பூனை!) என்று சிரித்து, வாலைத் தடவியும் பார்த்தார்.

ராமனாக நான்காம் ஆண்டுப் பையன், நல்ல வாய். ராஜாவாக ஒரு பெண், கண்டிப்பானவள். அவளுக்குப் படப் புத்தகத்தில் இருப்பதுபோலத் தங்கக் கிரீடம் வேண்டுமாம். கிருஷ்ணதேவராயர் 1509 முதல் 1529 வரை ஆண்டவர், திருமலைக் கோயிலில் இரண்டு ராணிகளோடு நிற்கிற அவருடைய செப்புச் சிலையில் தலையில் இருப்பது கிரீடமல்ல, உயரமான கூம்புத் தொப்பி என்று படத்தைக் காட்டினேன். கல்யாண ரவிக்கையில் மிஞ்சிய ஜரிகைத் துணியில் அப்படியே தைத்துக் கொண்டு போயிருந்தேன். போட்டுக்கொண்டு கண்ணாடி பார்த்தாள். "கிரீடத்தைவிட உயரமா இருக்கு" என்று ஒப்புக்கொண்டாள்.

கதை தெரிந்ததுதான். எலித் தொல்லைக்கு வீட்டுக்கொரு பூனையும், அதற்குப் பால் கொடுக்க ஒரு பசுவும் ராஜா தருகிறார். ராமன் முதல் நாளே கொதிக்கக் கொதிக்கப் பாலை வைக்கிறான். சூடு கண்ட பூனை அப்புறம் பால் பக்கமே போவதில்லை. பசும்பால் முழுக்க ராமன் வீட்டுக்கு. பூனைகளைப் பார்வையிடுகிற நாளில் இது மட்டும் எலும்பும் தோலுமாக நிற்கிறது, ராஜா பால் வைத்தால் ஓடுகிறது. எல்லாரும் சிரிக்க, கதை முடிகிறது.

ஒத்திகையில் யாரும் சிரிக்கவில்லை. நான் கிண்ணத்தில் நாக்கை வைத்துத் துடித்தபோது மந்திரி வேஷம் போட்ட பெண் கேட்டாள்: "ராமன் ஏன் அப்படி செஞ்சான்? பூனை பாவம் இல்லையா?"

"ராமன் புத்திசாலி" என்றான் ராமன்.

"பெரிய பூனைங்க பலதுக்குப் பாலே ஒத்துக்காது. வயித்தால போகும். எங்க வீட்டுப் பூனைக்கு டாக்டர் சொல்லியிருக்கார். ராஜாவுக்கும் தெரியல, ராமனுக்கும் தெரியல."

டீச்சர் கையைத் தட்டி வசனத்துக்கு இழுத்தார். எனக்குத்தான் அது போகவில்லை. எங்கள் அப்பா தோட்டத்து வீட்டில் இந்தக் கதையைச் சொல்லும்போது நான் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறேன். பூனைக்கு நாக்கு இருக்கிறது என்று அப்போது தோன்றியதில்லை. காகிதத்தில் அது ராமனுடைய கெட்டிக்காரத்தனத்துக்கு ஒரு சான்று, அவ்வளவுதான். காதும் வாலும் வைத்து எதிரில் நிறுத்தினால் கணக்கு மாறிவிடுகிறது.

ஆகஸ்டு 8, வெள்ளி

ராத்திரி பதினொன்று. முகத்தில் இன்னும் ஆரஞ்சு.

மண்டபத்தில் பாலர் பள்ளிப் பிள்ளைகளை முன்வரிசையில், தரையில் உட்கார வைத்திருந்தார்கள். முகமூடி இல்லாமலே, நான் நுழைந்ததும் இரண்டு மூன்று பேர் டீச்சர் மடிக்குள் புகுந்துகொண்டார்கள். ஒரு சிறு பெண் இரண்டு கையாலும் கண்ணை மூடி, விரல் சந்து வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நிமிரவே இல்லை. முட்டிபோட்டே நுழைந்து, அவர்களைப் பார்க்காமல் மணிக்கட்டை நக்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.

கிண்ணத்தில் இருந்தது பால் அல்ல, பால் நுரை மாதிரிப் பொங்க வைத்த தையல் பஞ்சு. முதல் காட்சியில் நாக்கை வைத்தேன், துள்ளினேன், நாக்கைத் தொங்கவிட்டு மூலைக்கு ஓடினேன். பின்னால் உட்கார்ந்திருந்த பெற்றோர்கள் சிரித்தார்கள். முன்வரிசையில் சத்தமே இல்லை.

அடுத்தது அரண்மனை. ராஜா சைகை காட்ட, மந்திரி கிண்ணத்தை என் முன்னால் வைத்தாள். சந்துப் பூனையிடம் கற்றதைச் செய்தேன். காதை மடக்க முடியாது, தோளைச் சுருக்கினேன். வயிறு தரையில். கிண்ணத்திலிருந்து கண்ணை எடுக்காமல் ஒவ்வொரு முட்டியாகப் பின்னால். பின்னால் என்றால் பிள்ளைகள் பக்கம். என் கோணல் வால் முன்வரிசையைத் தொடுகிற தூரம் வந்ததும் கவனித்தேன், மடிக்குள் ஒளிந்திருந்தவர்கள் வெளியே வந்திருந்தார்கள். தங்களைவிடப் பயப்படுகிற ஒன்றுக்கு யார் பயப்படுவார்கள்?

விரல் சந்தில் பார்த்த பெண்தான் முதலில் எழுந்தாள். நேராகப் போய்க் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு வந்து என் மூக்குக்கு நேரே பிடித்தாள். நான் நடுங்கினேன். ஒரு கணம் யோசித்தாள். அப்புறம் கன்னம் உப்ப, ஃபூ என்று ஊதினாள். அடுத்த நிமிஷம் என்னைச் சுற்றி ஒரு கூட்டம், ஆளாளுக்கு ஊதுகிறார்கள். பஞ்சு பறந்து ராஜா தொப்பியில் ஒட்டியது. என் மீசை முழுக்க எச்சில். "ஆறிடுச்சு, குடி" என்றாள்.

"அங்கிள், குடிக்காதீங்க! கதை கெட்டுப்போயிடும்!" ராமன் மேடையிலிருந்து கத்துகிறான். வசனப்படி நான் ஓட வேண்டிய இடம் அது. டீச்சரைப் பார்த்தேன், அவர் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார், சிரிக்கிறாரா என்னவென்று தெரியவில்லை.

குடித்தேன். பஞ்சைத்தான். ஒரு நூல் தொண்டையில் ஒட்டிக்கொண்டு நான் இருமியதைப் பிள்ளைகள் நடிப்பென்று நினைத்துக் கை தட்டினார்கள். ராஜா மட்டும் சமாளித்தாள். "ராமா, பூனை பால் குடிக்கிறதே! நீதான் பொய் சொன்னாயா?" என்று தன் பாட்டுக்கு ஒரு வசனம். ராமனிடம் அதற்குப் பதில் எழுதித் தரப்பட்டிருக்கவில்லை.

வாலுக்கு ஒன்றும் ஆகவில்லை. எத்தனை பேர் இழுத்தார்கள் தெரியுமா!

ஆகஸ்டு 9, சனி

தண்ணீர்ச் சாயம் எளிதில் போகும் என்று டப்பாவில் போட்டிருந்தது. தேங்காய் எண்ணெய் வைத்த பிறகுதான் போனது. உடையைக் குளிர்ந்த தண்ணீரில் அலசி நிழலில் காயப் போட்டிருக்கிறேன். ஃபருக்குச் சூடு ஆகாது, முடி சுருண்டுகொள்ளும். நூலகத்தில் தெனாலிராமன் புத்தகம் ஒன்றுகூட மிச்சமில்லை, எல்லாம் வீட்டுக்குப் போய்விட்டன என்று டீச்சர் போன் பண்ணினார்.

ஆகஸ்டு 17, ஞாயிறு

ஆவணி பிறந்துவிட்டது. முதல் தீபாவளி ஆர்டர் அக்கரையிலிருந்து வந்தது. தெனாலிராமனும் அவன் அம்மாவும்.

தோள் அளவு எடுக்கும்வரை பேசவில்லை. "அங்கிள், புத்தகத்துல பூனை ஓடும். நீங்க ஓடல."

"அந்தப் பொண்ணு ஊதிக் கொடுத்துச்சேப்பா."

"புத்தகத்துல யாரும் ஊத மாட்டாங்க."

"அன்னைக்கு ஊதினாங்களே."

"அப்போ ராமன் தோத்துட்டானா?"

கையைத் தூக்கச் சொன்னேன். தூக்கினான். ராஜா கடைசியில் ராமனுக்கு எப்போதும் பரிசு கொடுத்துவிடுவார், இந்த முறையும் கொடுத்திருப்பார் என்றேன். மேடையில் கொடுக்கவில்லையே என்றான். அதுவும் சரிதான். ராமன் அன்று ராத்திரியே பூனைக்கு ஆறிய சோறும் நெத்திலியும் வைத்தான் என்று புதிதாக ஒன்றை எடுத்துவிட்டேன். "அது எந்தப் புத்தகத்துல இருக்கு?" என்று கேட்டான். அவன் அம்மா மணியைப் பார்த்தார், ஃபெரிக்கு நேரமாகிறதாம். ஜிப்பாவுக்கு நின்ற காலர், நீலம், அக்டோபர் 10 என்று ரசீது எழுதிக் கொடுத்தேன். வாங்கிப் படித்துவிட்டு, எந்தப் புத்தகம் என்று அதன் பின்பக்கத்தில் எழுதித் தரச் சொல்கிறான்.