மேலே உட்கார்ந்திருப்பவரின் கணக்கு

“குதிரைய இன்னாத்துக்குடா பாக்கற, மேல குந்திக்கினு கீறவனப் பாரு” என்று என் தாய்மாமன் சொல்லாத பந்தய நாள் இல்லை. பெரம்பூர் பின்னி மில்லில் வேலை பார்த்தவர். ராயபுரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து என்னையும் அழைத்துக்கொண்டு, பீச் ஸ்டேஷனில் தாம்பரம் வண்டி ஏறிக் கிண்டியில் இறங்குவார். வண்டி எழும்பூரைத் தாண்டுவதற்குள் ரேஸ் புத்தகம் நான்காக மடிக்கப்பட்டிருக்கும்; காதில் செருகிய பென்சில் கைக்கு வந்திருக்கும். குதிரையின் பெயர், வம்சம், முந்தைய ஓட்டங்கள் எதையும் அவர் படித்ததில்லை. குதிரையை ஓட்டும் ஜாக்கியின் பெயருக்கு அடியில் மட்டும் கோடு போடுவார்.

மண்ணடியில் ஒரு சரக்கு ஏஜென்சியில் கணக்கு எழுதிப் பிழைப்பவன் நான். எண்களைக் கண்டால் கூட்டிப் பார்க்காமல் விட முடியாத தொழில் நோய் எனக்கு உண்டு. எனவே மாமாவின் கோட்பாடு சரிதானா என்று பார்ப்பதற்காக, ஒரு பேரேட்டு நோட்டை எடுத்து, ஜாக்கி, டிரெயினர், தூரம், சுமக்கும் எடை, ஓட்டம் தொடங்கும்போது இருந்த ரேட் (வென்றால் ஒரு ரூபாய்க்கு எத்தனை ரூபாய் லாபம் என்பது), முடிவு என்று கட்டம் போட்டு இரண்டு சீசன்கள் எழுதி வந்தேன். அதிலிருந்து விளங்கியவற்றை இங்கே எழுதுகிறேன். பணம் சம்பாதிக்கும் வழியைத் தேடி வந்தவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கலாம்.

முதலில், மாமா சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டில் குதிரைப் பந்தயத்தை ஒழிக்க 1974இல் ஒரு சட்டமும், மெட்ராஸ் ரேஸ் கிளப்பைக் கையகப்படுத்த 1986இல் ஒரு சட்டமும் வந்து, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1996 ஜனவரியில் தீர்ப்பளித்த நீதிபதிகள், குதிரைப் பந்தயத்தில் மேலோங்கி நிற்பது அதிர்ஷ்டம் அன்று, திறமையே என்றார்கள். குதிரையின் ஓட்டத் திறனோடு ஜாக்கியின் தேர்ச்சியும் அந்த வாதத்துக்குத் தூணாக நின்றது. அந்தச் செய்தி வந்த நாளிதழை மாமா வீட்டில் பத்திரமாக வைத்திருந்தார். அத்தை சண்டைக்கு வரும்போதெல்லாம் அதைத்தான் எடுத்துக் காட்டுவார்.

ஜாக்கி என்ன செய்கிறார் என்பதைக் கம்பி வேலி ஓரத்தில் நின்று பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கேட் திறந்த கணத்தில் குதிரையைச் சட்டென்று கிளப்புவது, முதல் வளைவுக்குள் உள்பக்க வேலியை ஒட்டி இடம் பிடித்துத் தூரத்தை மிச்சப்படுத்துவது, முன்னால் போகிறவர் வேகத்தைக் கூட்டுகிறாரா குறைக்கிறாரா என்பதை உடம்பாலேயே உணர்வது, கடைசி நானூறு மீட்டருக்குக் கொஞ்சம் மூச்சை மீதி வைப்பது ஆகிய எல்லாம் அவர் கையில்தான் இருக்கின்றன. இரண்டு குதிரைகள் மூக்கு வித்தியாசத்தில் வரும்போது வெற்றியைத் தீர்மானிப்பது பெரும்பாலும் கடிவாளம் பிடித்த கைதான். ஆனால் ஓடாத குதிரையை எந்தக் கையாலும் ஓட்ட முடியாது.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. நூறு ஓட்டங்களில் எத்தனை வெற்றி என்னும் வெற்றி விகிதத்தைத்தான் எல்லோரும் ஜாக்கியின் புள்ளிவிவரம் என்கிறார்கள். அந்த எண்ணுக்குள் ஜாக்கியின் திறமையைவிட அவருக்குக் கிடைத்த குதிரைகளின் தரமே அதிகமாக ஒளிந்திருக்கிறது. சாம்பியன் ஜாக்கிக்கு நல்ல லாயத்தின் நல்ல குதிரைகள் போகின்றன. அவற்றில் ஏறியதால் வெற்றி கூடுகிறது. வெற்றி கூடியதால் இன்னும் நல்ல குதிரைகள் வருகின்றன. கீழே இருப்பவருக்கு, எவரும் ஏற விரும்பாத குதிரைகள் மீதியாகின்றன. இந்தச் சுழற்சியைப் பிரிக்காமல் விகிதத்தை மட்டும் பார்த்துப் பணம் கட்டுவது, கடையின் கூட்டத்தைப் பார்த்துச் சமையல்காரனுக்குச் சம்பளம் நிர்ணயிப்பதைப் போன்றது.

மொத்த எண்ணிக்கையும் அப்படித்தான் மயக்கும். அமெரிக்க ஜாக்கி ரஸல் பேஸ் 12,842 வெற்றிகளோடு 2016இல் ஓய்வு பெற்றார். அவற்றில் மிகப் பெரும்பகுதி வடக்குக் கலிஃபோர்னியாவில், நாட்டின் உச்சத் தரத்துக்குக் கீழே இருந்த ஓட்டங்களில் வந்தவை. இங்கிலாந்தின் கார்டன் ரிச்சர்ட்ஸ் 26 முறை சாம்பியன் ஜாக்கி, 4,870 வெற்றிகள். ஆனால் அந்நாட்டின் பெரிய பந்தயமான எப்சம் டெர்பியை வெல்ல அவருக்கு 1953 வரை, 28ஆவது முயற்சி வரை ஆனது. அவரது ஒட்டுமொத்த விகிதத்தை நம்பி ஒவ்வொரு டெர்பியிலும் அவர்மேல் கட்டி வந்தவர் என்ன பாடு பட்டிருப்பார்! நம் நாட்டில் பெஸி ஷ்ராஃபின் பெயரைச் சொன்னால் பழைய ரேஸ்காரர்கள் இன்றும் எழுந்து உட்காருவார்கள். 1,751 வெற்றிகள், அவற்றுள் நூறுக்கு மேல் கிளாசிக் எனப்படும் உயர்தரப் பந்தயங்கள். அந்த எண்களை ஆக்கியதில் அவர் கைக்கும் அவர் ஏறிய குதிரைகளுக்கும் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல, வெற்றிகளின் எண்ணிக்கை மட்டும் போதாது.

அடுத்தது, சிறிய எண்கள் செய்யும் குறும்பு. “போன இருபது ஓட்டத்துல நாலு வின்னு, சூடா கீறான்” என்று வண்டியில் பேசிக்கொள்வார்கள். உண்மையில் பத்துக்கு ஒன்று வெல்லக்கூடிய ஒரு ஜாக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் இருபது ஓட்டங்களில் நான்கோ அதற்கு மேலோ வெல்வதற்கான வாய்ப்பு, வெறும் தற்செயலாகவே ஏறக்குறைய 13 சதவீதம். அப்படிப்பட்ட இருபது ஜாக்கிகள் ஒரு மைதானத்தில் இருந்தால், எந்த நேரத்திலும் இரண்டு மூன்று பேர் ‘சூடாக’த் தெரிவார்கள். அடுத்த மாதம் அந்தச் சூடு வேறு இருவருக்கு மாறியிருக்கும். நூறு ஓட்டங்களுக்குக் குறைவான விகிதத்தை நான் பென்சிலால்தான் எழுதுவேன். நானூறு ஓட்டங்கள் ஆனபிறகுகூட, பத்து சதவீதம் என்று காட்டுவது ஏழாகவோ பதின்மூன்றாகவோ இருக்கலாம் என்பதை மறக்கக் கூடாது. அப்படியிருக்க, “1,200 மீட்டரில், மழைக்குப் பின், இந்த டிரெயினரின் குதிரையில் இவருக்கு ஐம்பது சதவீதம்” என்று டிப்ஸ் தாளில் வந்தால், அது இரண்டு ஓட்டங்களில் ஒரு வெற்றியாக இருக்கக்கூடும் என்று முதலில் சந்தேகப்படுங்கள்.

மூன்றாவது விஷயத்தை நான் பணம் கொடுத்துத்தான் கற்றேன். ஒரு போனஸ் மாதத்தில், முன்னணி ஜாக்கி ஒருவர் ஏறிய ஆறு குதிரைகளிலும் வரிசையாகக் கட்டினேன். ஒன்று வென்றது. அது கூட்டம் அதிகம் பணம் கட்டியிருந்த கடுமையான ஃபேவரிட்; கொடுத்த பணம் மற்ற ஐந்தில் இரண்டுக்குக்கூட ஈடாகவில்லை. ஜாக்கி நல்லவர் என்பது எனக்கு மட்டும் தெரிந்த ரகசியம் இல்லை. ஜன்னலில் எனக்கு முன்னால் நின்ற நாற்பது பேருக்கும் தெரியும். அவர்கள் கட்டிய பணமே ரேட்டை ஏற்கெனவே இறக்கிவிட்டிருக்கிறது.

பெயர் எப்படி ரேட்டை நசுக்கும் என்பதற்கு, 1996 செப்டம்பர் 28 அன்று இங்கிலாந்தின் ஆஸ்காட் மைதானத்தில் நடந்ததைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடையாது. ஃபிராங்கி டெட்டோரி அன்றைய ஏழு ஓட்டங்களில் முதல் ஆறையும் வென்றுவிட்டார். கடைசி ஓட்டத்தில் அவர் ஏற இருந்த ஃபுஜியாமா கிரெஸ்ட் என்ற குதிரைக்குக் காலையில் 12க்கு 1 ரேட். ஓட்டம் தொடங்கும்போது அது 2க்கு 1. இடைப்பட்ட சில மணி நேரத்தில் அந்தக் குதிரைக்குப் புதிதாகக் கால் முளைக்கவில்லை. நாடு முழுவதும் ஜாக்கியின் பெயர்மேல் பணம் கொட்டியது, அவ்வளவுதான். குதிரை வென்றுவிட்டது என்பதால் கதை இன்றும் பேசப்படுகிறது. ஆனால் காலையில் 12க்கு 1இல் கட்டியவரும் மாலையில் 2க்கு 1இல் கட்டியவரும் ஒரே ஜாக்கியின்மேல் கட்டியிருந்தாலும், இருவர் செய்ததும் ஒரே பந்தயம் அன்று.

ஆகவே, ஜாக்கி எத்தனை வென்றார் என்ற கேள்வியை விட்டுவிட்டு, ரேட்டின்படி எத்தனை வென்றிருக்க வேண்டும், உண்மையில் எத்தனை வென்றார் என்று கேட்க வேண்டும். கணக்கு எளியது. 4க்கு 1 என்றால் ஐந்தில் ஒன்று, அதாவது 20 சதவீத வாய்ப்பு. ஓர் ஓட்டத்தின் எல்லாக் குதிரைகளுக்கும் இப்படிக் கணக்கிட்டுக் கூட்டினால் நூறைத் தாண்டும். தாண்டியது, பந்தயப் பணம் வாங்கும் புக்கியின் லாபம். கூட்டல் 118 வந்தால் எல்லாவற்றையும் 1.18ஆல் வகுத்துவிடுங்கள், 20 என்பது 17 ஆகும். இந்த வாய்ப்புகளை ஒரு ஜாக்கியின் எல்லா ஓட்டங்களுக்கும் கூட்டினால், சந்தை அவரிடம் எதிர்பார்த்த வெற்றிகளின் எண்ணிக்கை வரும்.

விளங்குவதற்காக ஒப்புக்குச் சில எண்களை வைத்துக்கொள்வோம். முதல் ஜாக்கி: 100 ஓட்டங்கள், 22 வெற்றிகள், எதிர்பார்ப்பு 26. ஒவ்வொன்றிலும் நூறு ரூபாய் கட்டி, வென்றவை சராசரியாக 380 ரூபாய் திருப்பித் தந்திருந்தால், 10,000 போட்டு 8,360 எடுத்திருப்பீர்கள். இரண்டாமவர்: 90 ஓட்டங்கள், 9 வெற்றிகள், எதிர்பார்ப்பு 7. 9,000 போட்டு 9,450 வந்திருக்கிறது என்று வையுங்கள். பட்டியலில் முதலாமவர் மேலே, இரண்டாமவர் எங்கோ கீழே. கட்டியவர் கணக்கில் தலைகீழ். இதைக் கண்டபோது எனக்குப் புதையல் கிடைத்ததுபோல் இருந்தது. பிறகு, அந்த 9,450இல் எவரும் எதிர்பார்க்காத ஒரே ஓர் அவுட்சைடர் குதிரை மட்டும் 2,400 ரூபாய் தந்திருக்கிறது என்று வைத்துப் பாருங்கள். அந்த ஓர் ஓட்டம் அரைக் குதிரை நீளத்தில் தவறியிருந்தால் லாபம் முழுவதும் நஷ்டமாகிவிடும். என் நோட்டில் ‘லாபம்’ காட்டிய பெயர்களில் பெரும்பாலானவை இப்படி ஒற்றைக் காலில் நின்றவைதாம்.

நோட்டில் உருப்படியாக எஞ்சியவை சிறு விவரங்கள். ஒரு லாயத்தின் முதல் ஜாக்கிக்கு அதே ஓட்டத்தில் அந்த லாயத்தின் இரண்டு குதிரைகள் இருந்தால், அவர் எதை விட்டு எதில் ஏறுகிறார் என்பது ஒரு செய்தி. ஆனால் சில நேரம் அந்தத் தேர்வு அவருடையது இல்லை, முதலாளியுடையது. சாதாரண ஜாக்கி ஓட்டி நான்காவதாக வந்த குதிரைக்கு இன்று பெரிய ஜாக்கி மாறியிருந்தால், லாயம் வெற்றிக்கு ஆயத்தமாகிறது என்று கொள்ளலாம். ரேட்டும் அதை அறிந்துகொள்ளும். நான் அதிகம் கவனித்தது பயிற்சி ஜாக்கிகளை. அவர்களுக்கு எடையில் சலுகை உண்டு. வெற்றிகள் சேரச் சேர அந்தச் சலுகை குறையும். மைல் ஓட்டத்தில் ஒரு கிலோ என்பது ஏறத்தாழ ஒரு குதிரை நீளம் என்று கைக்கணக்காகச் சொல்வார்கள். அனுபவத்தை மிஞ்சிக் கைத்திறன் வளர்ந்து, சலுகையும் இன்னும் தீராமல் இருக்கும் சில மாதங்கள் ஒரு பையனுக்கு வாய்க்கும். அந்த இடைவெளியில் அவன் பெயர் கூட்டத்துக்குப் பழகியிருக்காது. ஓட்டத்துக்கு முன் குதிரைகளை நடத்திக் காட்டும் பாடக்கில் அவன் குதிரையில் ஏற்றிவிடப்படும்போது டிரெயினரின் பேச்சைத் தலையாட்டிக் கேட்கிறானா, குதிரையின் காதைப் பார்த்தபடியே கேட்கிறானா என்று நான் பார்ப்பேன். இது புள்ளிவிவரம் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

1980களில் ஹாங்காங் போய், பந்தய முடிவைக் கணிக்கும் கணினி நிரல் எழுதிப் பெரும்பணம் ஈட்டிய பில் பெண்டர்கூட ஜாக்கியைத் தனியே நம்பவில்லை; பல காரணிகளுள் ஒன்றாகவே வைத்தார். அதிலும் தன் கணினியின் மதிப்பீட்டைக் கூட்டத்தின் ரேட்டோடு கலந்த பிறகே கட்டினார்.

இனி வரி. ரேஸில் கட்டும் பணத்துக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதமாக இருந்து, 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதமாகிவிட்டது. அதுவும் லாபத்தின்மேல் இல்லை, கட்டும் தொகை முழுவதன்மேல். மேலே சொன்ன இரண்டாவது ஜாக்கியை மீண்டும் எடுங்கள். 9,000 ரூபாய்ப் பந்தயத்துக்கு வரி 3,600; கையிலிருந்து போவது 12,600; வருவது அதே 9,450. சந்தை எதிர்பார்த்ததைவிட ஏறக்குறைய முப்பது சதவீதம் கூடுதலாக வெல்லும் ஜாக்கியைக் கண்டுபிடித்தும் மூவாயிரத்துச் சொச்சம் நஷ்டம். இந்தக் கணக்கைப் போட்ட இரவோடு நோட்டை மூடினேன். கிண்டியிலோ அதற்கு முன்பே, 2024 செப்டம்பரில், அரசு 1946ஆம் ஆண்டுக் குத்தகையை ரத்து செய்து 160 ஏக்கர் மைதானத்துக்குச் சீல் வைத்துவிட்டது.

மாமாவின் கணக்கையும் போட்டுப் பார்க்க எனக்கு ஆசை இருந்தது. அவர் காலமான பின், ஓட்டேரி வீட்டு அலமாரியிலிருந்து அத்தை ஒரு பிஸ்கட் டின்னைக் கொடுத்தார். உள்ளே ரப்பர் பேண்ட் போட்ட டோட் சீட்டுகள், அதாவது பந்தயம் கட்டியதற்கான சீட்டுகள். வென்ற சீட்டை ஜன்னலில் கொடுத்துவிட்டுத்தான் பணம் வாங்க வேண்டும் என்பதால், டின்னில் இருந்தவை அத்தனையும் தோற்றவை. வென்றவை எத்தனை என்பதற்கு அவர் வாய்ச்சொல்லைத் தவிர ஆதாரம் இல்லை. விகிதம் போட வழியே இல்லை என்று மூடப்போனபோதுதான் ஒரு சீட்டின் பின்புறம் கண்ணில் பட்டது. ஒவ்வொன்றின் பின்னாலும் பென்சிலில் ஜாக்கியின் பெயருடைய முதல் எழுத்தை எழுதி வைத்திருந்தார். தரையில் உட்கார்ந்து எழுத்து வாரியாகப் பிரித்து அடுக்கினேன். அந்தந்த ஆண்டின் சாம்பியன்களுடைய எழுத்துகள்தாம் உயரமான அடுக்குகளாக நின்றன.