ஈசிஆரில் சொந்தபந்தம் பார்க்கக் கிளம்புகிறவர்களுக்கு

பாண்டிச்சேரியில் அத்தை, நாகூரில் காலேஜ் சிநேகிதன், அதிராம்பட்டினத்தில் அப்பாவோடு வேலை பார்த்தவர், ராமநாதபுரத்தில் சித்தி, தூத்துக்குடியில் தாய்மாமா. இப்படிக் கிழக்குக் கடற்கரை நெடுகப் பரவிக் கிடக்கிற குடும்பங்கள் சென்னையில் ஏராளம். நாலு நாள் லீவு சேர்ந்து வந்தால் காரை எடுத்துக்கொண்டு எல்லோரையும் ஒரு சுற்று பார்த்துவிட்டு வரலாம் என்று தோன்றும். பெரும்பாலும் பக்கத்து ஊரில் ஆரம்பித்துத் தெற்கே இறங்குவார்கள். அதைத் திருப்பிப் போடுங்கள் என்பதுதான் என் கட்சி. முதல் நாள் விடியற்காலையில் கிளம்பி, திருச்சி, மதுரை வழியாக நான்குவழிச் சாலையில் நேராகத் தூத்துக்குடி போய்விடுங்கள். சுமார் 600 கிலோமீட்டர். சாப்பாடு, டீக்கு நின்றாலும் இருட்டுவதற்குள் மாமா வீட்டு வாசலில் வண்டி நிற்கும். ஈசிஆர் என்கிற கடலோரச் சாலையும் வீடுகளும் திரும்பி வருகிற வழிக்கு.

ஏன் என்றால், முதலில் முறை. பத்திரிகை வைக்கப் போகிறீர்கள் என்றால் தாய்மாமன் வீட்டுக்கு முன்னால் வேறு வீட்டில் தாம்பூலத் தட்டு நீட்டக்கூடாது. காலையில் பாண்டிச்சேரியில் அத்தைக்குப் பத்திரிகை கொடுத்தால், நீங்கள் கடலூர் தாண்டுவதற்குள் தூத்துக்குடிக்குச் செய்தி போய்விடும். அப்புறம் மாமா முகத்தில் தெரிகிற மாற்றத்துக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். இரண்டாவது, எந்த வீட்டிலும் வெறுங்கையோடு அனுப்ப மாட்டார்கள். தேங்காய், கருவாடு, பலகாரம் என்று டிக்கி நிறைந்துகொண்டே வரும். தெற்கே போகும்போது வாங்கிய சுமையைத் திரும்பவும் வடக்கே சுமக்க வேண்டாமே. மூன்றாவது, நேரம் போதாமல் ஒரு வீட்டை விட்டுவிட்டால், அது பாண்டிச்சேரி வீடாக இருந்தால் அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ச் சரிக்கட்டிவிடலாம். தூத்துக்குடியை விட்டால் விட்டதுதான்.

கடலோரச் சாலையில் கடல் தெரியும் என்று குழந்தைகளிடம் சொல்லி வைக்காதீர்கள். பெரும்பாலான தூரம் சாலை உள்ளே தள்ளித்தான் போகிறது. வேம்பார், சாயல்குடிப் பக்கம் உடைமரமும் சீமைக்கருவேலமும் பனையும். வேதாரண்யம், மரக்காணம் பக்கம் உப்பளம். நடுவில் தென்னந்தோப்பு, வயல். கடலைப் பார்க்க வேண்டுமென்றால் தேவிபட்டினத்தில் கடலுக்குள் இருக்கிற நவபாஷாணக் கோயில் பக்கம் வண்டியைத் திருப்புங்கள். அரை நாள் ஒதுக்க முடிந்தால் ராமநாதபுரத்திலிருந்து 55 கிலோமீட்டரில் ராமேஸ்வரம்.

இனி நேரக் கணக்கு. கிலோமீட்டரை வைத்துக் கணக்குப் போடுகிறவர்கள் இரண்டாம் நாளே தடுமாறுவார்கள். தூத்துக்குடியிலிருந்து நாகப்பட்டினம் வரை பெரும்பகுதி இருவழிச் சாலை. ஊருக்கு ஊர் வேகத்தடை, கடைத்தெரு, பள்ளிக்கூடம். மணிக்கு 45 கிலோமீட்டர் சராசரி கிடைத்தால் போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். டீ மட்டும் குடிக்கிற வீட்டுக்கு ஒன்றரை மணி நேரம். மதியச் சாப்பாட்டு வீட்டுக்கு மூன்றரை மணி நேரம். ‘அப்ப நாங்க கிளம்பறோம்’ என்று எழுந்ததற்கும் வண்டி நகர்வதற்கும் நடுவில் கழிகிற முக்கால் மணி நேரமும் இதில் அடக்கம். ராமநாதபுரத்திலிருந்து நாகை சுமார் 200 கிலோமீட்டர். ஓட்டுவதற்கு நாலரை மணி நேரம். இரண்டு டீ வீடு, ஒரு சாப்பாட்டு வீடு சேர்த்தால் பதினொரு மணி நேரம். காலை ஏழுக்குக் கிளம்பினால் மாலை ஆறு. ஒரு நாளுக்கு இதற்கு மேல் ஒரு வீடுகூடச் சேர்க்காதீர்கள். சேர்த்தால் கடைசி வீட்டுக்கு ராத்திரி ஒன்பதுக்குப் போய், அவர்கள் ஆறிய குழம்பைத் திரும்பச் சூடு பண்ணுவதைப் பார்க்க வேண்டியிருக்கும்.

எந்த வீட்டில் சாப்பாடு, எந்த வீட்டில் டீ மட்டும் என்பதை ஒரு வாரத்துக்கு முன்பே போனில் பேசி முடித்துவிடுங்கள். ‘சாப்பாடெல்லாம் வேண்டாம் அத்தை’ என்று பொதுவாகச் சொன்னால் யாரும் கேட்பதில்லை. ‘மத்தியானம் சித்தி வீட்ல சாப்பிடறோம், உங்க வீட்டுக்கு நாலு மணிக்கு டீக்கு வர்றோம்’ என்று ஊர், மணியோடு சொன்னால்தான் அடுப்பு பற்றவைக்க மாட்டார்கள். கீழக்கரை, காயல்பட்டினம், அதிராம்பட்டினத்தில் சிநேகிதர் வீட்டு விருந்து என்றால் தலைக்கணக்கைச் சரியாகச் சொல்லுங்கள். சஹன் என்கிற பெரிய தட்டில் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிற வழக்கம் இருக்கிற வீடுகளில் எத்தனை சஹன் என்பதை வைத்துத்தான் சமையல். வெள்ளிக்கிழமை என்றால் ஜும்மா முடிந்து இரண்டு மணிக்கு மேல் போங்கள். பன்னிரண்டரைக்குப் போய் நின்றால் வீட்டில் ஆண்கள் இருக்க மாட்டார்கள், கடைகளும் மூடியிருக்கும். ரம்ஜான் மாதத்தில் பகல் விருந்து என்ற பேச்சே கிடையாது. நோன்பு திறக்கிற நேரத்துக்குப் போவதுபோல வழியை அமைத்துக்கொள்ளுங்கள்.

துக்கம் கேட்க வேண்டிய வீடு ஒன்று எப்படியும் வழியில் இருக்கும். அதை நாளின் நடுவில் வைக்காதீர்கள். துக்க வீட்டிலிருந்து குளிக்காமல் நேராக இன்னொரு வீட்டுப் படி ஏறுவதை, முக்கியமாகக் கல்யாணம் வைத்திருக்கிற வீட்டிலோ பிள்ளை பெற்ற வீட்டிலோ, பெரியவர்கள் விரும்புவதில்லை. அன்றைக்குக் கடைசியாக அங்கே போய்விட்டு, லாட்ஜில் ரூம் போட்டுக் குளித்துப் படுத்துக்கொள்வது நல்லது. அங்கே பூ, இனிப்பு கொண்டுபோகக்கூடாது, கிளம்பும்போது ‘போய்ட்டு வர்றேன்’ சொல்லக்கூடாது என்பதைக் கூட வருகிற இளசுகளுக்கு முன்பே சொல்லிவையுங்கள்.

தேதி பார்க்கும்போது சில விஷயங்கள். கோடை விடுமுறையில் போகிறவர்கள்தான் அதிகம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலமும் அப்போதுதான். விசைப்படகு கடலுக்குப் போகாது, நாட்டுப்படகு மீன் மட்டும்தான் வரும், விலை ஏறிக் கிடக்கும். உங்களுக்கு வஞ்சிரம் போடாவிட்டால் மரியாதையில்லை என்று அந்த விலையிலும் வாங்கிப் போடுகிற வீடுகள் உண்டு. ‘கறி எடுங்க மாமா, மீன் வேண்டாம்’ என்று நீங்களாக முந்திக்கொள்வது அவர்களுக்குச் செய்கிற உபகாரம். ஆகஸ்ட் கடைசி வாரம் வேளாங்கண்ணிக்குக் காவி உடுத்தி நடக்கிறவர்கள் சாலையோரம் முழுக்க இருப்பார்கள். கொடியேற்றம் 29ஆம் தேதி, திருவிழா செப்டம்பர் 8 வரை. அந்த நாட்களில் ராத்திரி ஓட்டவே வேண்டாம். ஆடி, தை அமாவாசைகளில் ராமேஸ்வரம், தேவிபட்டினம், கோடியக்கரைப் பக்கம் நெரிசல். அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் காலம். 2018 நவம்பரில் கஜா கரை கடந்தது நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில்தான், அந்தப் பக்கத்துத் தென்னந்தோப்புகள் அப்படியே படுத்துவிட்டன.

தை, மாசியில் அறுவடை. நெல்லையும் வைக்கோலையும் சாலையின் ஒரு பாதியில் காயப்போட்டிருப்பார்கள். ஓரத்தில் வரிசையாகக் கருங்கல் வைத்து எல்லை கட்டியிருக்கும். சாயங்காலம் நெல்லைக் கூட்டி அள்ளிக்கொண்டு போன பிறகும் சில இடங்களில் அந்தக் கல் அங்கேயே கிடக்கும். இருட்டில் எதிர் வண்டி டிம் பண்ணாமல் வரும்போது நீங்கள் இடது ஓரம் ஒதுங்கினால், சக்கரம் நேராக அதில்தான் ஏறும். டயர் பக்கவாட்டில் கிழிந்தால் பஞ்சர் ஒட்ட முடியாது. அதனால் இந்தத் தடத்துக்கு ஸ்டெப்னி காற்றோடு இருக்க வேண்டும், ஜாக்கியும் வீல் ஸ்பானரும் லக்கேஜுக்கு அடியில் புதைந்து கிடக்கக்கூடாது. வைக்கோலின் மேல் ஓட்டிப் போக நேர்ந்தால், கொஞ்ச தூரம் போனதும் நிறுத்தி வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள். அச்சில் சுற்றிக்கொண்ட வைக்கோல் சூடான சைலன்சரில் பட்டுத் தீப்பிடிக்கும். சுற்றியிருந்தால் கத்தியால் அறுத்து எடுங்கள். கையால் இழுத்தால் கை சுட்டுவிடும்.

ராத்திரியில் இன்னும் இரண்டு தொல்லை. தூத்துக்குடி, வேம்பார், மரக்காணம் பக்கம் பின்விளக்கு எரியாத உப்பு லாரிகள், ராமநாதபுரம் மாவட்டம் முழுக்கச் சாலையில் படுத்திருக்கிற மாடுகள். தார் ரோடு சூடாக இருப்பதால் அங்கேதான் வந்து படுக்கும். எட்டு மணிக்குள் வண்டியை நிறுத்திவிடுவது உத்தமம். அதிகாலையில் மீன் லாரிகள் பறக்கும். அவற்றுக்குப் பின்னால் ஒட்டிப் போகாதீர்கள். சிந்துகிற ஐஸ் தண்ணீர் சாலையை வழுக்கலாக்கும், கண்ணாடியில் தெறித்தால் வைப்பர் போட்டதும் பிசுபிசுவென்று இழுவும். வைப்பர் தண்ணீரில் ஷாம்பூ ஒரு பாக்கெட் கலந்துவைத்தால் அது எடுபடும். ஐந்து பேரும் சாமானுமாகப் போகும்போது, டிரைவர் கதவோரத்து ஸ்டிக்கரில் முழுச் சுமைக்கு என்று போட்டிருக்கிற காற்றழுத்தத்தைப் பின் டயரில் வையுங்கள். காற்றைக் காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும்.

ராமேஸ்வரம் போகிறவர்கள் பாம்பன் சாலைப் பாலத்தில் வண்டியை நிறுத்திப் படம் எடுக்காமல் இருந்தால் பின்னால் வருகிறவர்களுக்குப் புண்ணியம். தனுஷ்கோடியில் அரிச்சல்முனை வரை தார் ரோடு 2017இல் வந்துவிட்டது. காற்றுக் காலத்தில் அதன் மேல் மணல் ஏறிக் கிடக்கும். பார்க்கிங்குக்காகத் தாரை விட்டு இறங்காதீர்கள். இறங்கிப் புதைந்துவிட்டால் ஆக்சிலேட்டரை மிதிக்கக் கூடாது, மிதிக்க மிதிக்கக் குழிதான் ஆழமாகும். இன்ஜின் இழுக்கிற சக்கரங்களில் காற்றை 18, 20 பிஎஸ்ஐ வரை இறக்கி, சக்கரத்துக்கு முன்னால் மணலைக் கையால் தள்ளி, காருக்குள் கிடக்கிற கால்மிதி ரப்பரைச் செருகி, இரண்டாவது கியரில் மெதுவாக எடுங்கள். காற்றடிக்கிற சின்ன பம்பு டிக்கியில் இருந்தால் ராமேஸ்வரம் வரை உருட்டிக்கொண்டு வர வேண்டியதில்லை. மாலையில் சோதனைச்சாவடியில் உள்ளே விட மாட்டார்கள் என்பதால் காலையிலேயே போய்விட வேண்டும்.

இனி டிக்கி. தூத்துக்குடி மக்ரூனில் முட்டை வெள்ளைக் கரு இருக்கிறது. சைவ உறவுக்காரர் வீட்டுக்கு அதை வாங்கிப் போய் நீட்டாதீர்கள். ஈரக்காற்று பட்டால் பிசுபிசுத்துப்போகும், டின்னில் அடைத்துக் காற்றுப் புகாமல் டேப் ஒட்டுங்கள். முதலூர் மஸ்கோத் அல்வாவும் கீழக்கரைத் தொதலும் தேங்காய்ப்பால் சேர்ந்தவை, வெயிலில் நிற்கிற காரில் விட்டுவைத்தால் வாடை வந்துவிடும், இறங்கும்போது கையோடு வீட்டுக்குள் எடுத்துப் போங்கள். உடன்குடிக் கருப்பட்டி ஓலைப்பெட்டியிலேயே இருக்கட்டும். ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தால் கசிந்துவிடும்.

கருவாடு வாங்கும்போது வளைத்துப் பாருங்கள். நெத்திலி படக்கென்று உடைய வேண்டும். துவண்டால் சரியாகக் காயவில்லை. பெரிய கருவாட்டின் மேல் சிவப்பாகப் பூத்திருந்தால் வேண்டாம். செய்தித்தாளில் மூன்று சுற்று, அதன் மேல் பிளாஸ்டிக் கவர், அதன் மேல் சாக்கு. ஹேட்ச்பேக், எஸ்யூவி வண்டிகளில் டிக்கியும் உள்ளும் ஒன்றுதான் என்பதால் கேரியரில் கட்டுவதே நல்லது. அது முடியாவிட்டால் ஏசியில் வெளிக்காற்று வருகிற மாதிரி வைத்து ஓட்டுங்கள்.

பச்சை மீனைக் கடைசி நாளில்தான் வாங்க வேண்டும், நாகையிலோ கடலூர் முதுநகரிலோ. வாங்கின இடத்திலேயே செவுளையும் குடலையும் எடுத்துவிடச் சொல்லுங்கள், முதலில் கெடுவது அதுதான். துண்டு போட வேண்டாம், முழுசாக இருந்தால்தான் தாங்கும். ஐஸ் கம்பெனியில் பெரிய ஐஸ் கட்டியில் கால்வாசி வாங்கி நொறுக்கச் சொல்லி, தெர்மோகோல் பெட்டியில் அடியில் நாலு விரல் கனத்துக்கு ஐஸ், மேலே ஒரு வரிசை மீன், மறுபடி ஐஸ் என்று அடுக்குங்கள். எடைக்கு எடை ஐஸ் வேண்டும். ஐந்து கிலோ மீனுக்கு இரண்டு கிலோ ஐஸ் போட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து கண் குழிந்திருக்கிறது என்று மீன்காரரைத் திட்டிப் பிரயோஜனமில்லை. உருகுகிற தண்ணீரிலேயே மீன் ஊறக்கூடாது. பெட்டியின் அடி மூலையில் ஒரு ஓட்டை போட்டு, அகலமான டப்பில் உட்கார வையுங்கள். முத்துப்பேட்டைப் பக்கத்துக் கழி நண்டை உயிரோடு கட்டிக் கொடுத்தால் ஐஸில் போடாதீர்கள், தண்ணீரிலும் போடாதீர்கள். ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வைத்தால் சென்னை வரை காலை ஆட்டிக்கொண்டு வரும்.

காரைக்காலில் பெட்ரோல் விலை குறைவு, டேங்கை நிரப்பிக்கொள்ளலாம். ‘வரும்போது ரெண்டு பாட்டில்’ என்று கேட்கிற சித்தப்பாவுக்கு மட்டும் முடியாது என்று சொல்லிவிடுங்கள். எல்லை தாண்டியதும் சோதனைச்சாவடி இருக்கிறது, மாட்டினால் சித்தப்பா வர மாட்டார்.

வீடு வந்து சேர்ந்த மறுநாளே வண்டியை வாட்டர் வாஷுக்கு விடுங்கள். மேலே பளபளப்பாக்குவதை விட, லிப்டில் தூக்கி அடிப்பாகத்தைக் கழுவுவதுதான் முக்கியம். தனுஷ்கோடி போய் வந்த வண்டியின் அடியில் உப்பும் மணலும் ஒட்டியிருக்கும். பிரேக் பக்கமும் சைலன்சர் கிளாம்ப்பிலும் துரு ஆரம்பிப்பது அங்கேதான். டிக்கி விரிப்பைக் கழற்றி வெயிலில் போட்டு, மீன் தண்ணீர் பட்ட இடத்தில் சமையல் சோடாவைத் தூவி ராத்திரி முழுக்க விட்டுக் காலையில் வேக்குவம் பிடித்தால் வாடை அநேகமாகப் போய்விடும்.