அப்பாவின் கல்வெட்டு: 31ஆம் நாளுக்குள் ஒரு நினைவு மலரைச் செய்து முடிப்பது

யாழ்ப்பாணத்தில் ஒருவர் காலமானால் 31ஆம் நாள் கிரியையான அந்தியேட்டியை ஒட்டி வெளியிடும் நினைவு மலரைக் கல்வெட்டு என்கிறோம். பஞ்சபுராணம், சிவபுராணம், மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், நன்றி நவிலல் என்ற வரிசை எல்லா வீட்டுக்கும் பொது. பெயரையும் படத்தையும் மாற்றினால் அடுத்த வீட்டுக் கல்வெட்டாகிவிடும். பிள்ளைகளைப் படிக்கவைத்து, உத்தியோகமும் பார்த்து, பின்னேரங்களைச் சனசமூக நிலையத்துக்கும் கோயில் பரிபாலன சபைக்கும் கொடுத்த ஒரு அப்பாவுக்கு அது போதாது. அவர் என்ன செய்தார் என்பது மலரில் இருக்க வேண்டும். அந்த எண்ணத்தோடு ஏ5 அளவில் 32 பக்க மலர் செய்த வேலையை, நடந்த ஒழுங்கிலேயே எழுதுகிறோம்.

முதல் வாரம்: திதி

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடியும்வரை வீட்டாரைத் தோண்டிக் கேட்கக் கூடாது. அந்த நாட்களில் திதியைச் சரிபார்த்துவிடலாம். மலரில் அச்சாகும் திதியை வைத்துத்தான் பிள்ளைகள் திவசம் செய்வார்கள். இங்கே விடும் பிழை வருடா வருடம் திரும்ப வரும்.

வெளிநாட்டில் காலமானவர்களின் திதியில்தான் பிழை அதிகம். சூரியனிலிருந்து சந்திரன் 12 பாகை விலக எடுக்கும் நேரம் ஒரு திதி. அது தொடங்குவதும் முடிவதும் உலகம் முழுவதற்கும் ஒரே கணத்தில்தான்; மணிக்கூடு மட்டும் இடத்துக்கு இடம் வேறு. யூலை மாதத்தில் ரொறன்ரோவில் இரவு 9 மணி என்றால் யாழ்ப்பாணத்தில் மறுநாள் காலை 6.30. இறப்புச் சான்றிதழில் உள்ள நேரத்தை அப்படியே வைத்து ஊர்ப் பஞ்சாங்கத்தைப் பார்த்தால், ஒன்பதரை மணி நேரம் முந்திய திதியை எடுத்துவிடுவோம். முதலில் இலங்கை நேரத்துக்கு மாற்ற வேண்டும். வாக்கியம், திருக்கணிதம் என்ற இருவகைப் பஞ்சாங்கங்களில் திதி முடியும் நேரம் வேறுபடும். குடும்பத்துக் குருக்கள் எதைப் பின்பற்றுகிறார் என்று கேட்டு, அதில் மட்டும் நில்லுங்கள்.

அடுத்தது திதி வெண்பா, இறந்த திதியைச் சொல்லும் பாட்டு. ஆண்டு, மாதம், திதி மூன்றும் அதில் வந்தாக வேண்டும், முடிந்தால் வளர்பிறையா தேய்பிறையா என்ற பக்கமும். விசுவாவசு என்ற ஆண்டுப் பெயர் ஒரே சீராக நின்றால் கனிச்சீராகும், வெண்பாவுக்கு ஆகாது. ‘விசுவா வசுவாண்டில்’ என்று பிரித்தால் புளிமாவும் புளிமாங்காயுமாகி, சீரோடு சீர் இணையும் தளை பொருந்தும். பராபவ ஆண்டுக்கு இந்தச் சிரமம் இல்லை, கருவிளமாக அப்படியே உட்காரும். ஈற்றுச் சீருக்குத் ‘திதி’ என்ற சொல்லே மலர் என்ற வாய்பாட்டில் அமைவதால் ‘ஏகா தசியே திதி’ என்று முடிக்கலாம். ‘அட்டமித் திதி’ என்றால் தளை தட்டும். விளச்சீருக்குப் பின் நேர்தான் வர வேண்டும். ‘அட்டமி நாள்’ என்று முடியுங்கள். பூர்வபக்கமா (வளர்பிறை) அபரபக்கமா (தேய்பிறை) என்பது வெண்பாவில் இடம் பெறாவிட்டால் கீழே உரைநடையில் கட்டாயம் எழுதுங்கள். ஆண்டுப் பெயர் 60 வருடத்துக்கு ஒருமுறை திரும்பும். ஆங்கிலத் தேதியும் கூட இருக்கட்டும்.

இரண்டாம் வாரம்: உத்தியோகமும் ஊர் வேலையும்

மலரின் உயிர் இந்தப் பகுதிதான், நேரத்தில் பாதியை இதற்கே கொடுக்க வேண்டும். ‘அவர் எப்படிப்பட்டவர்?’ என்று கேட்டால் ‘தங்கமான மனுசன்’ என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும். வாசிகசாலைக் காணியை எழுதித் தந்தது யார், அப்போது செயலாளர் யார், பத்திரிகைக் காசு எப்படிச் சேர்ந்தது, கோயில் கிணறு இறைத்த வருடம் எது என்று கேட்டால் கதை தானாக வரும். வயதில் மூத்தவரிடம் முதலில் போங்கள். இருவரை ஒன்றாக இருத்திக் கேட்டால் ஒருவர் சொன்னதை மற்றவர் ஆமோதிப்பார். தனித்தனியாகக் கேட்டால்தான் வேறுபாடு தெரியும். பதியும்போது மின்விசிறியை நிறுத்துங்கள், அந்த இரைச்சலைப் பிறகு நீக்குவது பெரும்பாடு. கைபேசியை மடித்த துவாயின் மேல் வைத்தால் மேசை அதிர்வு ஏறாது.

வருடம் கேட்டால் பெரியவர்கள் தடுமாறுவார்கள். 1964 புயலுக்கு முன்னா பின்னா, 1974இல் தமிழாராய்ச்சி மாநாடு நடந்தபோது அவர் எங்கே வேலை, 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது பிள்ளைகள் எந்த வகுப்பு என்று கேட்டுப் பாருங்கள், காலம் நேராகிவிடும். 1995 இடப்பெயர்வில் பல வீடுகளின் கடதாசிகள் போய்விட்டன. மிஞ்சியவை பெரும்பாலும் வீட்டுக்கு வெளியே கிடைக்கும்: சனசமூக நிலையக் கூட்ட அறிக்கைப் புத்தகம், கூட்டுறவுச் சங்கத்தின் ஆண்டறிக்கை, திருவிழா உபயகாரர் பட்டியல், பாடசாலை மலர், ஓய்வூதியக் கடிதம். அறிக்கைப் புத்தகத்தில் அவருடைய கையெழுத்து உள்ள ஒரு பக்கத்தைப் படமெடுத்து மலரில் போட்டால், ‘தன்னலமற்ற சேவையாளர்’ என்ற அடைமொழி தேவைப்படாது.

வாழ்க்கைக் குறிப்பை 1,200 சொல்லுக்குள் நிறுத்தினோம். ஆவணம் உள்ளதை வருடத்தோடும், வாய்மொழியை ‘இன்னார் நினைவின்படி’ என்றும் எழுதுவது நல்லது. புலம்பல் பாக்களைக் குறைத்து, பிள்ளைகள் ஒவ்வொருவரையும் 150 சொல்லில் ஒரேயொரு நாளைப் பற்றி எழுதச் சொன்னால் உரைநடை உயிரோடு வருகிறது. அந்த எல்லையைச் சொல்லாவிட்டால் எல்லோரும் ஒரே பாராட்டையே எழுதித் தருவார்கள்.

வம்சாவளி

மனத்தாங்கல் பெரும்பாலும் இங்கேதான் வருகிறது. பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் விடுபடுவதில்லை. விடுபடுவோர் பெறாமக்கள் (உடன்பிறந்தாரின் பிள்ளைகள்), சகலன், சம்பந்தி வீட்டார், சிறுவயதில் இறந்துபோன பிள்ளை. இரு பக்கத்திலும் ஒரு மூத்த பெண்ணிடம் பட்டியலை வாசித்துக் காட்டுங்கள். ஆண்களுக்கு முழு வரிசையும் நினைவில் நிற்பதில்லை. பேரப்பிள்ளைகளின் பிறந்த தேதி, முகவரி, தொலைபேசி இலக்கம் எதையும் அச்சிட வேண்டாம். மலரின் பிடிஎஃப் வாட்ஸ்அப்பில் எங்கெல்லாமோ போகும்.

படங்கள்

அடையாள அட்டைக்கு எடுத்த ஓர் அங்குலப் படத்தை அட்டை நிறையப் பெருக்கக் கேட்பார்கள். 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) வருடினால் 600 புள்ளிகள்தான். 300 டிபிஐ அச்சுக்கு அது இரண்டு அங்குலம். பழைய பிரதிகளில் அதற்கு மேல் வருடினாலும் தாளின் மணல்தான் பெருகும், முகம் தெளியாது. செயற்கை நுண்ணறிவால் தெளிவாக்கும் செயலிகள் இல்லாத கண்ணையும் இல்லாத பல்லையும் வரைந்துவிடுகின்றன. நெற்றித் தழும்பு மறைந்துவிட்டால் அது அப்பாவின் முகமே அல்ல. சின்னப் படத்தைச் சின்னதாகவே, சுற்றி வெள்ளை விட்டு அச்சிடுங்கள்.

கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டிப்போன படத்தை இழுத்தால் முகத்தின் மேற்பூச்சு கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு சேர்த்து அப்படியே வருடுங்கள். பசை ஆல்பத்திலிருந்து எடுக்க, பல் இடுக்கில் விடும் நூலைப் படத்தின் அடியில் மெதுவாக ஓட்டலாம். வெளிநாட்டு உறவினர் அனுப்பும் படங்களை வாட்ஸ்அப்பில் ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள். படமாக அனுப்பினால் சுருங்கிவிடும்.

மூன்றாம் வாரம்: தட்டச்சும் அச்சும்

பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சான பக்கங்களை யூனிகோடுக்கு மாற்றும்போது கொம்பு இடம் மாறும், ‘ஔ’ என்பது ‘ஒள’ ஆகும். மாற்றிய பின் ‘ஒள’ என்று தேடி ஒவ்வொன்றாகப் பாருங்கள். ‘ஒளி’யும் அகப்படும் என்பதால் ஒரேயடியாக மாற்றக் கூடாது. அச்சகத்தில் பழைய மென்பொருள் இருந்தால் யூனிகோட் வெறும் கட்டமாக வரும். எழுத்துருவை உட்பொதித்த பிடிஎஃப்பாகவே கொடுங்கள், ஓரங்களில் 3 மி.மீ. வெட்டு இடமும் விட்டு.

நடுவில் கம்பி அடிக்கும் மலருக்குப் பக்கங்கள் நான்கின் மடங்காக இருக்க வேண்டும். 32 பக்கத்துக்கு எட்டுத் தாள். நடுத்தாளில் 15 முதல் 18 வரையான பக்கங்கள் தொடர்ந்து வரும். படங்களை அங்கே சேர்த்து, அந்த ஒரு தாளை மட்டும் 130 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 130 கிராம்) ஆர்ட் தாளில் அடித்தால் செலவு ஏறாது. மற்றவை 80 ஜிஎஸ்எம், அட்டை தனியாக 250.

பிழை திருத்தத்தைத் திரையில் முடிக்காதீர்கள். அசல் அளவில் தாளில் எடுத்து, ஒருவர் உரத்து வாசிக்க மற்றவர் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். தலைப்பெழுத்துகள்தான் அதிகம் பிழைக்கின்றன: மணமான மகளுக்குத் தந்தையின் எழுத்தா கணவரின் எழுத்தா என்று அவரிடமே கேளுங்கள். திதிப் பக்கத்தைக் குருக்களிடம் காட்டிய பிறகே அச்சுக்கு ஒப்புதல்.

பிரதி எண்ணும்போது ஆட்களை அல்ல, வீடுகளை எண்ணுங்கள். அவர் படித்த பாடசாலைக்கும் நடத்திய வாசிகசாலைக்கும் இரண்டிரண்டு ஒதுக்கி வையுங்கள். 2005 முதல் ஈழத்து ஆவணங்களை எண்ணிமப்படுத்திவரும் நூலகம் நிறுவனம் நினைவு மலர்களையும் சேர்க்கிறது. பிள்ளைகளின் எழுத்து மூல அனுமதியோடு அங்கும் ஒரு பிரதி போகலாம். இனி மீதமுள்ள வேலை, பெரியவர்களின் குரல் பதிவுகளைப் பேசியவர் பெயரும் தேதியும் இட்டுப் பிரித்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பென்டிரைவில் கொடுப்பது.