இன்சுலா ஏரிக்குப் போட்ட திட்டம்

2025 ஜனவரி 29, தை அமாவாசை. இரவு எட்டரை மணிக்கு மதுரை தெற்கு மாசி வீதியில் என் சுங்குடிப் புடவைக் கடையின் கதவைப் பாதி இறக்கிவிட்டு, மூன்று பெண்கள் ஒரு கைப்பேசியைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம்: நான், சிஸ்டர் என்று நாங்கள் கூப்பிடும் நர்ஸ் தோழி, டீச்சர் என்று கூப்பிடும் ஆசிரியைத் தோழி. அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் அப்போது காலை ஒன்பது மணி. எங்கள் நான்காவது தோழி அங்கே கணினி முன்னால் காத்திருந்தாள். 'திறந்துவிட்டது' என்றாள். அடுத்து ஐந்து நிமிடம் அவளிடமிருந்து பேச்சே இல்லை. சிஸ்டர் என் கையைப் பிடித்த பிடியில் வளையல் பதிந்துவிட்டது.

நாங்கள் பிடிக்கப் பார்த்தது ஒரு காட்டுக்குள் நுழையும் அனுமதி. அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தின் வடக்கே, கனடா எல்லையை ஒட்டி, பவுண்டரி வாட்டர்ஸ் என்ற பாதுகாக்கப்பட்ட காடு இருக்கிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏரிகள் உள்ள இடம். உள்ளே சாலை இல்லை, கடை இல்லை, பெரும்பாலான ஏரிகளில் மோட்டார் படகும் கூடாது. கேனோ என்னும் ஒல்லியான படகில் துடுப்புப் போட்டு ஓர் ஏரியைக் கடக்க வேண்டும். பிறகு படகையும் மூட்டைகளையும் தோளில் ஏற்றிக் காட்டுப் பாதையில் நடந்து அடுத்த ஏரியில் இறக்க வேண்டும். இந்தத் தூக்கு நடைக்குப் போர்ட்டேஜ் என்று பெயர். மே 1 முதல் செப்டம்பர் 30 வரை, எந்த நாள், எந்த வாசல் வழியாக நுழைகிறோம் என்று குறித்த அனுமதி இருந்தால்தான் இரவு தங்க முடியும். அது ஜனவரி கடைசிப் புதன்கிழமை முன்பதிவுக்குத் திறக்கிறது. பேர்பெற்ற வாசல்கள் சீக்கிரம் தீர்ந்துபோகும்.

நாங்கள் கேட்டது ஆகஸ்ட் 22. கிடைத்தது ஆகஸ்ட் 24, ஞாயிற்றுக்கிழமை, லேக் ஒன் வாசல். அந்த ஏரிகளுக்குப் பெயரே ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்றுதான். நான்கைத் தாண்டி ஹட்சன், அதற்கும் அப்பால் தீவுகள் நிறைந்த இன்சுலா. தோழி முதலில் அனுப்பிய படம் இன்சுலாவுடையது. அதைப் பார்த்துத்தான் நான்கு வருடத்துக்கு முன்னால் மாதம் ஆறாயிரம் ரூபாய் சீட்டுப் போட ஆரம்பித்தோம்.

இதைப் போல ஒரு பயணத்தை யோசிப்பவர்களுக்கு ஒன்றை முதலிலேயே சொல்கிறேன். அனுமதியில் ஒரு தலைவர் பெயரும், அவர் வர முடியாவிட்டால் பொறுப்பேற்க மூன்று மாற்றுப் பெயர்களும் கொடுக்கலாம். அந்த நால்வரில் ஒருவராவது நேரில் வராவிட்டால் அனுமதி செல்லாது, பெயர்களைப் பின்னால் மாற்றவும் முடியாது. எனவே எல்லாருடைய பெயரையும் பதிவு செய்யும்போதே எழுதிவிடுங்கள். எங்களுக்குக் கணக்குச் சரியாக இருந்தது.

விசாவைப் பற்றி எழுத அதிகம் இல்லை. முந்தைய வருடமே விண்ணப்பித்தோம், மாதக்கணக்கில் காத்திருந்தோம், சென்னைக்குத் தனித்தனி நாளில் பஸ் ஏறினோம், மூவருக்கும் கிடைத்தது.

நான் எழுத வந்தது வேறு ஒன்றைப் பற்றி. நாங்கள் நால்வரும் 1990களில் மதுரையில் ஒரே கல்லூரி விடுதியில், ஒரே அறையில் இருந்தவர்கள். ஒருத்தி ஊருக்குப் போய்த் திரும்பினால் அவள் முகத்தைப் பார்த்தே வீட்டில் என்ன நடந்தது என்று மற்ற மூவரும் சொல்லிவிடுவோம். அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தோம்.

அனுமதி கிடைத்த வாரத்தில் சிஸ்டர் ஒரு வேலை வைத்தாள். அவள் இருபத்தைந்து வருடமாக ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸ். 'அங்கே ஆம்புலன்ஸ் வராது. அவரவர் உடம்பில் இருப்பதையும் மனதில் இருக்கும் பயத்தையும் ஒரு தாளில் ஒளிக்காமல் எழுதுங்கள். நானும் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் சேர்ந்து படிப்போம்' என்றாள். எனக்கு அது பள்ளிக்கூட வேலை போலத் தோன்றியது. வண்டியூர் தெப்பக்குளத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து, மினியாபொலிஸ்காரியைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு, படித்தோம்.

சிஸ்டர் எழுதியிருந்தது ஒரே வரி: 'அவர் இறந்த பிறகு மாத்திரை போடாமல் நான் தூங்கியதில்லை.' மினியாபொலிஸ்காரி எழுதியது: 'வழி தெரியாவிட்டாலும் தெரியும் என்று சொல்லி முன்னால் போய்விடுவேன். என்னை நம்ப வேண்டாம்.' என்னுடையது: 'இரண்டு வருடமாக மாதவிலக்கு பத்து நாள் நீடிக்கிறது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. டாக்டரிடம் போகவில்லை.'

டீச்சர் தாளைக் கொடுக்கவில்லை. வெகுநேரம் கழித்து வாயால் சொன்னாள். ஒன்பது வயதில் ஊர்க் கண்மாயில் விழுந்தவளைச் சித்தி முடியைப் பிடித்து இழுத்துக் கரை சேர்த்தாராம். அதன் பிறகு முழங்காலுக்கு மேல் தண்ணீரில் அவள் நின்றதே இல்லை. கல்லூரியில் குற்றாலம் போனபோது வயிற்றுவலி என்று அறையிலேயே படுத்திருந்தாள். நாங்கள் கஷாயம் வாங்கிக் கொடுத்தோம். முப்பது வருடம் கழித்துத்தான் அந்த வயிற்றுவலியின் காரணம் எங்களுக்குத் தெரிந்தது.

'ஏடி, பிறகு ஏன் நான்கு வருடமாகச் சீட்டுக் கட்டினாய்?' என்று கேட்டேன்.

'நீங்கள் மூன்று பேரும் போய் வந்து பேசும்போது நான் சும்மா கேட்டுக்கொண்டிருக்க வேண்டுமா?' என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையோடு பழைய திட்டம் முடிந்தது. எத்தனை ஏரி, எத்தனை மைல் என்று போட்டிருந்த கணக்கை அழித்துவிட்டு அந்தத் தாள்களிலிருந்து தொடங்கினோம். மறுநாளே சிஸ்டர் என்னைப் பரிசோதனைக்கு இழுத்துப்போனாள். ஹீமோகுளோபின் 8.2. கர்ப்பப்பையில் நார்க்கட்டி. மருந்தும் இரும்புச்சத்து ஊசியும் தொடங்கி ஜூலை மாதம் 11.4க்கு வந்தேன். இந்தப் பயணம் இல்லாவிட்டால் இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டு படி ஏறிக்கொண்டிருப்பேன். பொறுப்புகளையும் மாற்றினோம். வரைபடமும் திசைகாட்டியும் டீச்சரிடம் போயின. அவள் புவியியல் ஆசிரியை. இரவில் சிஸ்டரோடு ஒரே கூடாரத்தில் நான் படுப்பது, அவள் மாத்திரை போட்டால் நான் விழிப்பாக இருப்பது என்று வைத்துக்கொண்டோம்.

தண்ணீர்தான் பெரிய காரியம். மதுரை நகரத்தில் இருப்பவர்களுக்கு வைகை வருடத்தில் பாதிநாள் மணலும் கருவேலமும்தான். சித்திரையில் அழகர் இறங்கத் திறந்துவிடும் தண்ணீரைக் கண்டு கும்பிடுவோமே தவிர, நீந்தப் பழக எங்களுக்கு எங்கே ஆறு? வாடிப்பட்டிப் பக்கம் என் சித்தப்பாவின் தோட்டத்துக் கிணறுதான் கைகொடுத்தது. பெரியாறு பாசனக் கால்வாயில் தண்ணீர் வந்தால் அந்தக் கிணறு படிக்கட்டு வரை நிற்கும். சித்தப்பா டீச்சரைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் உள்ளே போய் இரண்டு சுரைக்குடுக்கைகளைக் கயிற்றில் கோத்துக் கொண்டுவந்தார். 'எங்கள் பிள்ளைகள் எல்லாம் இதைக் கட்டிக்கொண்டுதான் பழகின. கட்டிக்கொள்ளம்மா, நீ அமுங்க மாட்டாய்.'

முதல் ஞாயிறு டீச்சர் மூன்றாவது படி வரை இறங்கினாள். இரண்டாவது ஞாயிறும் மூன்றாவது படிதான். நாங்கள் யாரும் அவசரப்படுத்தவில்லை. ஐந்தாவது வாரம் குடுக்கையோடு மல்லாந்து மிதந்தாள். காது தண்ணீருக்குள் இருந்ததால் நாங்கள் கத்தியது அவளுக்குக் கேட்கவில்லை. பிறகு குடுக்கையைக் கழற்றிவிட்டு உயிர்காப்பு மேலங்கி மாட்டிப் பழகினோம். மேலங்கி இருந்தால் நீச்சல் தெரிய வேண்டாம் என்று சொல்வார்கள். அது தவறு. திடீரென்று விழுந்து மூக்கில் நீர் ஏறும்போது பதறாமல் மல்லாந்துகொள்ள உடம்புக்குத் தெரிந்திருக்க வேண்டும். மூவருமே தூங்கி எழுந்ததும் செய்யச் சொன்னால் செய்கிற அளவுக்குப் பழகினோம்.

துடுப்புக்காகக் கொடைக்கானல் ஏரிக்குப் போனோம். ஒரு நாள் செலவழித்த பிறகுதான் அது வேறு வித்தை என்று புரிந்தது. அங்கே படகோட்டுபவர் போகும் திசைக்கு முதுகு காட்டி உட்கார்ந்து இரு துடுப்புகளையும் வலிக்கிறார். கேனோவில் முகம் முன்னால் பார்த்திருக்கும், ஆளுக்கு ஒரே துடுப்பு, பின்னால் இருப்பவர் ஒவ்வொரு வலிப்பின் முடிவிலும் துடுப்பைச் சற்று வெளியே திருப்பித் திசையைச் சரிசெய்ய வேண்டும். அதை மினியாபொலிஸ் நகரத்துக்குள்ளேயே இருக்கும் ஏரி ஒன்றில் கடைசி மூன்று நாள் கற்றுக்கொண்டோம். வேண்டுமென்றே கவிழ்த்துப் பழகியதும் அங்கேதான். முதலில் கவிழ்க்கச் சொன்னவள் டீச்சர்.

சுமை தூக்க அழகர்கோவில் மலை. ஆளுக்குப் பதினைந்து கிலோ அரிசிப் பையை முதுகில் கட்டிக்கொண்டு, பழமுதிர்சோலை வழியாக நூபுர கங்கை வரை விடியற்காலையில் ஏறுவோம். நேர்த்திக்கடனா என்று கேட்டவர்களிடம் ஆமாம் என்றே சொன்னோம், அது பொய்யும் இல்லை. இங்கே ஒரு கணக்கு முக்கியம். போர்ட்டேஜ் தூரத்தை அங்கே ராடு என்ற பழைய அளவில் குறிப்பிடுகிறார்கள். ஒரு ராடு பதினாறரை அடி, ஏறக்குறைய ஒரு கேனோவின் நீளம். நூறு ராடு என்றால் அரைக் கிலோமீட்டர். ஆனால் எல்லாவற்றையும் ஒரே நடையில் தூக்க முடியாதவர்கள் ஒருமுறை சுமந்து, வெறுங்கையோடு திரும்பி, மறுபடி சுமக்க வேண்டும். அரைக் கிலோமீட்டர் ஒன்றரைக் கிலோமீட்டராகிவிடும். எங்கள் வயதுக்கு இரட்டை நடை என்று முதலிலேயே தீர்மானித்து, ஒரு நாளைக்கான தூரத்தைப் பாதியாக்கினோம். படகுகளையும் எடை குறைந்த கெவ்லர் வகையில் வாடகைக்கு எடுத்தோம். ஒன்று இருபது கிலோவுக்குள்தான் வரும். அலுமினியப் படகு முப்பதைத் தாண்டும். மற்ற எதில் மிச்சம் பிடித்தாலும் இதில் பிடிக்காதீர்கள்.

சமையல் பொறுப்பு என்னுடையது. கண்ணாடிப் பாட்டிலும் தகர டப்பா உணவும் அந்தக் காட்டுக்குள் கூடாது. இந்தியாவிலிருந்து அரிசியும் பச்சைக் கறிவேப்பிலையும் கொண்டுபோக அமெரிக்கச் சுங்கத்தில் விடமாட்டார்கள். அரிசி, ரவை, பருப்பு எல்லாம் மினியாபொலிஸ் இந்தியக் கடையில் வாங்கினோம். இங்கிருந்து போனவை பருப்புப் பொடி, இட்லிப் பொடி, நல்லெண்ணெய் மிதக்கக் காய்ச்சிய புளிக்காய்ச்சல். எல்லாவற்றையும் சுங்கப் படிவத்தில் எழுதிக் காட்டினோம். என் ஆச்சி சித்திரைத் திருவிழாவுக்கு வண்டி கட்டிக்கொண்டு வந்த காலத்தில் கட்டுச்சோற்று மூட்டையில் அந்தப் புளிக்காய்ச்சல்தான் இருக்கும். மூன்று நாள் கெடாதது ஆறு நாளும் கெடாது என்று எடுத்துக்கொண்டேன், கெடவில்லை. ஆளுக்கு நாளுக்கு எழுநூறு கிராம் உலர்பொருள் என்று போட்டது சற்று அதிகம்தான்.

கரடிக்காக உணவை மரத்தில் தொங்கவிட வேண்டும், தரையிலிருந்து பன்னிரண்டு அடி உயரத்தில், மரத்திலிருந்து ஆறு அடி தள்ளி. சித்தப்பா தோட்டத்துப் புளியமரத்தில் பழகினோம். பிறகு வரைபடத்தைப் படித்துக்கொண்டிருந்த டீச்சர் ஒன்றைக் கண்டுபிடித்தாள். நாங்கள் போகும் பகுதியில் 2011இல் பகாமி கிரீக் தீ பரவி, சுமார் 93,000 ஏக்கர் எரிந்திருக்கிறது. காடு மறுபடி முளைத்திருந்தாலும் பல தங்குமிடங்களில் மூட்டையைத் தாங்கும் உயர்ந்த மரம் இருக்காது. அதனால் கரடி திறக்க முடியாத டப்பாக்களை வாடகைக்கு எடுத்தோம். உதவி கேட்டுச் செய்தி அனுப்பும் செயற்கைக்கோள் கருவியையும் அங்கேயே வாடகைக்கு எடுத்து அங்கேயே திருப்பிக் கொடுத்தோம். அதை வாங்கி ஊருக்குக் கொண்டுவர ஆசைப்படாதீர்கள். உரிமம் இல்லாமல் இந்தியாவில் அதை வைத்திருப்பது குற்றம்.

புறப்படும் முன் விதி ஒன்று போட்டுக்கொண்டோம். நால்வரில் ஒருத்தி வேண்டாம் என்றால் வேண்டாம். காரணம் கேட்கக் கூடாது, முகம் வாடக் கூடாது. இதை டீச்சருக்காகப் போட்டதாக அவள் நினைத்துவிடக் கூடாது என்று மினியாபொலிஸ்காரியே முன்மொழிந்தாள். தன்னைக் கட்டிப்போட அவளுக்கும் அது தேவைப்பட்டது.

மினியாபொலிஸிலிருந்து ஈலி என்ற ஊருக்குக் காரில் நான்கு மணி நேரத்துக்கும் மேல். அங்கே வனத்துறை அலுவலகத்தில் காட்டை எப்படி வைத்துக்கொள்வது என்று சொல்லித்தந்துதான் அனுமதியைக் கையில் கொடுத்தார்கள். ஒன்றாம் ஏரியிலிருந்து இரண்டாம் ஏரிக்கு இரண்டு சிறிய போர்ட்டேஜ். கிணற்றிலும் மலையிலும் செய்ததெல்லாம் உடம்பில் இருந்தது.

மூன்றாம் நாள் காலை, மூன்றாம் ஏரிக் கரையில் காற்று எழுந்தது. அகன்ற நீர்ப்பரப்பு முழுக்க வெள்ளை நுரை. அன்று மாலைக்குள் ஹட்சனைத் தாண்டினால்தான் இன்சுலாவுக்குப் போய்த் திரும்ப நாள் மிஞ்சும். மினியாபொலிஸ்காரி படகில் மூட்டையை ஏற்றிவிட்டாள். டீச்சர் வரைபடத்தை மடித்தாள். அவள் வாயைத் திறக்கும் முன்பே சிஸ்டர் 'வேண்டாம்' என்றாள். அதுவரை எதற்கும் வேண்டாம் என்று சொல்லாத சிஸ்டர்.

யாரும் காரணம் கேட்கவில்லை. மூட்டைகளை இறக்கினோம். காற்று அன்று முழுவதும் அடித்தது, மறுநாள் மதியம்தான் ஓய்ந்தது. பாறை மறைவில் அடுப்பு மூட்டி, சோறு வடித்து, புளிக்காய்ச்சல் போட்டுப் பிசைந்தேன். சிஸ்டர் அன்று பகலிலேயே, மாத்திரை இல்லாமல், என் மடியில் தலை வைத்து மூன்று மணி நேரம் தூங்கினாள். என் கால் மரத்துப்போயிருந்தது. டீச்சர் தன் மேலங்கியை மடித்து என் முதுகுக்குப் பின்னால் வைத்தாள். இன்சுலா ஏரியை நாங்கள் பார்க்கவில்லை.