ஓக்லண்ட் வீதியும் எங்கள் படலையும்

வியட்நாம் போருக்கு இளைஞர்களைக் கட்டாயமாகச் சேர்த்து அனுப்பிய, அமெரிக்காவின் கலிபோர்னியாவிலுள்ள ஓக்லண்ட் இராணுவ நிலையத்தின் முன்னால், 1967 ஒக்டோபர் 16 தொடங்கி ஒரு வாரம் நடந்த மறியலைப் பற்றி நேற்றிரவு வாசித்தேன்.

முதல் நாள் வாசலில் அமைதியாக அமர்ந்தவர்களைப் பொலிஸார் கைது செய்தனர். பாடகி ஜோன் பயஸும் அவர்களுள் ஒருவர். மறுநாள் குண்டாந்தடியும் கண்ணை எரிக்கும் இரசாயனத் தெளிப்பும் வந்தன, செய்தியாளர்கள்கூட அடிவாங்கினர். வெள்ளிக்கிழமை ஏறத்தாழ 10,000 பேர் திரண்டு, கார்களையும் கனத்த பூந்தொட்டிகளையும் தெருவின் குறுக்கே தள்ளி, ஆட்சேர்ப்புப் பேருந்துகளின் வழியை மறித்தனர். பொலிஸ் அணி நெருங்கியதும் கலைந்து, அடுத்த சந்தியில் மறுபடியும் கூடினர். இந்த மறியலை ஒழுங்குசெய்ததற்காகச் சதிக் குற்றம் சாட்டப்பட்ட எழுவரையும் 1969இல் நடுவர் குழு விடுதலை செய்தது. கட்டாய ஆட்சேர்ப்பு நிற்க 1973 ஆயிற்று.

எனக்கு அந்தப் பூந்தொட்டிகளே மனத்தில் நின்றன. எங்கள் ஒழுங்கையில் ஆட்சேர்க்க வருகிறார்கள் என்ற செய்தி பரவிய நாட்களில், அம்மா படலையை வெளிப்பக்கமாகப் பூட்டிவிட்டு, பின்வேலிப் பொட்டுக்குள்ளால் குனிந்து உள்ளே வருவார். வீட்டில் யாரும் இல்லையென்று காட்ட அவரிடம் இருந்தது அந்த ஒரு பூட்டுத்தான். மறியல் செய்வதற்கு எங்களுக்குத் தெருவே இருக்கவில்லை என்பதை (இப்படிச் சொன்னால் சிலர் கோபிக்கக்கூடும்) நான் ஒளிக்க விரும்பவில்லை. அண்ணா அறைக்குள் விளக்கில்லாமல் இருப்பான். இருமல் வந்தால் தலையணையை வாயில் அழுத்திக்கொள்வான்.