புதுசு என்று எழுதுவதற்கு முன்

‘காட்டில் புதிய குளவி இனம் கண்டுபிடிப்பு’ என்று செய்தி வரும்போதெல்லாம் எனக்கு லேசாகச் சிரிப்பு வரும். காட்டில் நாங்கள் செய்வது ரொம்பக் கொஞ்சம். மஞ்சள் பிளாஸ்டிக் தட்டில் தண்ணீர் ஊற்றி, சில சொட்டு சோப்புக் கரைசல் விட்டு, செடிகளுக்கு அடியில் வைத்துவிட்டு வருவோம். மஞ்சளைப் பார்த்து இறங்கும் சின்னப் பூச்சிகள் சோப்புத் தண்ணீரில் மிதக்க முடியாமல் மூழ்கிவிடும். மறுநாள் வடிகட்டி ஆல்கஹாலில் போட்டால் காட்டு வேலை முடிந்தது. பழனி மலையில் தாண்டிக்குடிப் பக்கம் ஒரு காபித் தோட்டத்தில் தட்டு வைத்தபோது, பழம் பறிக்க வந்த அம்மா ஒருவர், “கோழிக்குத் தண்ணி வெச்சிருக்கியா கண்ணு?” என்று கேட்டார். குளவி பிடிக்க என்று சொன்னதை அவர் நம்பவே இல்லை.

அந்தத் தட்டில் விழுந்த ஒன்றுதான் எங்களை நெடுநாள் மேசையில் உட்கார வைத்தது. அனாகைரஸ் என்ற பேரினம். உடல் நீளம் இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவு. இந்தக் கூட்டம் பெரும்பாலும் மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். புழு அதை உள்ளிருந்தே தின்று வளரும். பெண்ணின் உணர்கொம்பில் அடிக்கணு தட்டையாக அகன்று, கறுப்பும் வெள்ளையுமாக இருப்பதால், நுண்ணோக்கியில் வைத்தவுடன் பேரினம் தெரிந்துவிடும். அதற்கு மேல்தான் பாடு.

‘இது புதுசு’ என்று எழுதினால், இதற்குமுன் பெயர் வாங்கிய எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன், இது அவற்றில் எதுவும் இல்லை என்று கையெழுத்துப் போடுவதாக அர்த்தம். அனாகைரஸ் அடங்கும் சால்சிட் என்ற பெருங்கூட்டத்துக் குளவிகளில் மட்டும் 22,000க்கும் மேற்பட்ட இனங்களுக்குப் பெயர் உண்டு. நல்லவேளையாக, கீழை நாடுகளில் மாவுப்பூச்சியைத் தாக்கும் குளவிகளுக்கு லண்டனின் ஜான் நாய்ஸும் அலிகாரின் முகமது ஹயாத்தும் சேர்ந்து 1994இல் ஒரு பெரிய ஆய்வு எழுதி வைத்திருக்கிறார்கள். ‘இப்படி இருந்தால் இங்கே போ, அப்படி இருந்தால் அங்கே போ’ என்று படிப்படியாக இட்டுச்செல்லும் அடையாளத் திறவுகோல் அதில் உண்டு. எங்கள் குளவி ஓரிடத்தில் வந்து நின்றது. இரண்டு வழியும் பொருந்தவில்லை. அதற்காகக் குதிக்க முடியாது. 1994க்குப் பிறகு வந்த கட்டுரைகளைத் தேட வேண்டும். முன்னால் வந்த, யாரும் சரியாகப் புரிந்துகொள்ளாத பழைய பெயர்களையும் தோண்ட வேண்டும்.

பழைய பெயர்கள் என்றால் எங்கள் தொழிலில் பிரான்சிஸ் வாக்கரை நினைக்காமல் இருக்க முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்காக ஆயிரக்கணக்கான பூச்சிகளுக்குப் பெயர் வைத்தவர். இலங்கையிலிருந்து போனவையும் அவற்றில் உண்டு. பல விவரிப்புகள் நாலைந்து வரி லத்தீன்தான். அதைப் படித்து எந்தக் குளவியையும் அடையாளம் காண முடியாது. பெயர் வைத்தபோது அடையாளமாக எடுத்துவைத்த அந்தப் பூச்சியையே, அதாவது மூல மாதிரியை, பார்த்தால்தான் உண்டு. 1874இல் அவர் இறந்தபோது, அவருடைய அறிவியல் நற்பெயருக்கு இருபது ஆண்டு தாமதமாகப் போய்ச் சேர்ந்தார் என்று ஒரு பூச்சியியல் இதழ் இரங்கல் எழுதியது. கொடுமைதான். ஆனாலும் அந்த மூல மாதிரிகளின் படங்களுக்காக மின்னஞ்சல் அனுப்பிவிட்டுக் காத்திருந்த நாட்களில், அந்த இரங்கலை எழுதியவர்மேல் எனக்குப் பெரிய கோபம் வரவில்லை.

இன்னொரு தொல்லை, ஒரே இனத்துக்குள் இருக்கும் வேறுபாடு. சின்ன மாவுப்பூச்சியில் வளர்ந்தால் குளவியும் சிறுத்துவிடும். நிறமும் கூடக் குறைய இருக்கும். அதனால் ஒற்றை மாதிரியை நம்பி எழுத எனக்குத் துணிவில்லை. கூடுதல் பெண் குளவிகள் கிடைத்த பிறகு, உணர்கொம்பையும் இறக்கையையும் பிரித்துக் கண்ணாடிச் சில்லில் கனடா பால்சம் என்ற மரப்பிசினில் பதித்து, ஒவ்வொரு கணுவின் நீள அகலத்தையும் அளந்தோம். விகிதம் மாறவில்லை. மரபணுவும் பார்த்தோம். பூச்சிகளுக்கு வழக்கமாகப் பார்க்கும் 658 டிஎன்ஏ எழுத்து நீளத் துண்டு எதனோடும் ஒத்துப்போகவில்லை. ஆனால் பழைய இனங்களில் பாதிக்கு மேல் அந்தத் தகவலே சேமிப்பில் இல்லாதபோது, ஒத்துப்போகாததை மட்டும் வைத்து என்ன சொல்ல? 2021இல் கோஸ்டா ரிகாவின் 403 பிராக்கோனிட் (இன்னொரு ஒட்டுண்ணிக் குளவிக் குடும்பம்) இனங்களைப் பெரும்பாலும் இந்த எழுத்து வரிசையை வைத்தே விவரித்தார்கள். எங்கள் வட்டாரத்தில் அதற்குப் பெரிய சண்டை நடந்தது. நாம் பெயர் வைக்கும் வேகத்தில் போனால் காடு முதலில் தீர்ந்துவிடும் என்ற அவர்கள் கவலை எனக்குப் புரிகிறது. ஆனாலும் லென்ஸ் மட்டும் வைத்திருக்கும் ஒருவருக்குப் பயன்படாத விவரிப்பை எழுத எனக்கு மனம் வரவில்லை.

இவ்வளவு பிடிவாதம் எதற்கு என்று மாணவர்கள் கேட்டால் மரவள்ளிக் கதையைச் சொல்வேன். 1970களில் ஆப்பிரிக்காவின் மரவள்ளியை ஒரு மாவுப்பூச்சி அழிக்க ஆரம்பித்தது. பயிரின் தாயகமான தென்னமெரிக்காவில் எதிரியைத் தேடினார்கள். வட பகுதியில் அச்சு அசல் அதே மாதிரி ஒரு மாவுப்பூச்சி கிடைத்தது. அதிலிருந்து எடுத்த ஒட்டுண்ணிகளோ பலிக்கவில்லை. அது வேறு இனம். சரியான பூச்சி 1981இல் பராகுவேயில் கிடைத்தது, அதன் குளவியும் கிடைத்தது: அனாகைரஸ் லோபெசி. அர்ஜென்டினாவின் டி சாண்டிஸ் 1964இலேயே, யாருக்கும் தேவைப்படாத காலத்தில், விவரித்து வைத்திருந்த இனம். நைஜீரியாவில் விட்டதிலிருந்து மரவள்ளி நாடுகளெங்கும் பரவி அந்த மாவுப்பூச்சியை அடக்கியது. 2020இல் அதே மாவுப்பூச்சி கேரளத்தில் தென்பட்டு, பிறகு நம் சேலம், நாமக்கல் கிழங்குக் காடுகளுக்கும் வந்தது. பெங்களூரு தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம் ஆப்பிரிக்காவின் பெனினிலிருந்து லோபெசியை வரவழைத்து 2022இல் ஏத்தாப்பூரில் விட்டது.

மிச்ச வேலை சடங்கு மாதிரி நடந்தது. ஒரு பெண் குளவியை மூல மாதிரியாகத் தேர்ந்து சிவப்புச் சீட்டு குத்தினோம். 2002ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டப்படி அதை அங்கீகரிக்கப்பட்ட காப்பகத்தில் ஒப்படைத்தோம். பெயருக்கு ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள், ஒரு பெரிய மனிதர் பெயரும் வந்தது. மலைப் பெயரே போதும் என்று முடித்துவிட்டேன்.

கட்டுரை வந்ததும் வேளாண் துறை நண்பர் போன் செய்து, “மேடம், இது எந்த மாவுப்பூச்சிக்கு வரும்?” என்று கேட்டார். தட்டில் விழுந்த குளவி அதையெல்லாம் சொல்லாது. ஆண் குளவியையும் எழுதவில்லை. அதன் உணர்கொம்பு நீள மயிரோடு வேறு மாதிரி இருக்கும், தட்டில் கிடந்த ஆண்களில் எது இதன் ஜோடி என்று பார்வையில் சொல்ல முடியாது. இரண்டுக்கும் விடை ஒன்றுதான்: மாவுப்பூச்சியோடு கொப்புகளை ஒடித்துவந்து, துணி கட்டிய பாட்டிலில் போட்டு, என்ன வெளியே வருகிறது என்று பார்ப்பது. மாணவர்கள் கொண்டுவந்துகொண்டே இருக்கிறார்கள். இதுவரை வந்த குளவிகளுக்கெல்லாம் ஏற்கெனவே பெயர் இருக்கிறது.